நின்ற பிறகு ஒரு சுற்று

மணிச் சத்தம் ஓய்வதற்குள் கம்ப்யூட்டர் செத்துப்போயிருந்தது.

கறுப்புத் திரையில் எண்களும் எழுத்துகளும் வரிவரியாகக் கொட்டி, அப்படியே உறைந்து நின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு வரி மட்டும் மனிதர்கள் வாசிக்கிற மாதிரி இருந்தது: ‘ஐயீ, கில்லிங் இன்டரப்ட் ஹேண்ட்லர்.’

“பாத்தீகளா?” என்றார் மேஸ்திரி வீரணன். மணிக்கயிறு இன்னும் அவர் கையில் இருந்தது. “ஐயீன்னு கத்துது. நான் பத்தாப்பு ஃபெயிலுதான். ஆனா கில்லிங்னா என்னன்னு எனக்குத் தெரியும்.”

“இதை உருவாக்குனவங்க விளையாட்டா எழுதி வச்சதுண்ணே,” என்றாள் கிருபாபாய்.

“விளையாடுறதுக்கு வேற வார்த்தையா கெடைக்கல?”

 சில வாரங்களாகவே ராஜபாளையத்து மில்லிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் கிருபாவுக்கு வீரணன் போன் செய்துகொண்டிருந்தார். மறுநாள் காலையில் அவள் பஸ் பிடித்து வருவாள். நிறுத்திப் பார்ப்பாள், ஓட்டிப் பார்ப்பாள். அவள் கைக்கு அது ஒருநாளும் சாகவில்லை. சாயங்காலம் வீரணன் நிறுத்தினால்தான் செத்தது. இன்று அவளே இருந்து பார்த்துவிட்டாள்.

அது 1997. மாலை நேரத்தில் மில்களுக்கு மின்சாரக் கட்டுப்பாடு இருந்த காலம். ஆறு மணிக்கு ஷெட்டில் நூல் நூற்கும் இருபத்துநான்கு ஸ்பின்னிங் ஃப்ரேமும் நின்றுவிடும். ஒவ்வொரு ஃப்ரேமின் முன் உருளைக்குப் பக்கத்திலும் கிருபாவின் கம்பெனி ஒரு சென்சார் மாட்டியிருந்தது. உருளை ஒரு சுற்றுச் சுற்றினால் சென்சார் ஒரு துடிப்பு அனுப்பும். கம்ப்யூட்டரில் ஓடியது லினக்ஸ். பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து அவளே ஏற்றியது. துடிப்பு வந்தால் லினக்ஸின் மையமான கெர்னல் செய்துகொண்டிருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, அவள் எழுதிய ‘இன்டரப்ட் ஹேண்ட்லர்’ என்ற ஒரு சின்ன நிரலைக் கூப்பிடும். அது அந்த ஃப்ரேமின் கணக்கில் ஒன்றைக் கூட்டும். அதற்கு வேறு வேலை கிடையாது. ஆறு மணிக்கு எல்லாம் நின்றதும் வீரணன் ஒரு பொத்தானை அழுத்துவார். நிரல் தன் பொருள்களை ஒழுங்குபடுத்திவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். விலகும்போதுதான் சாவு வந்தது. அன்றைய உற்பத்திக் கணக்கும் கூடவே போயிற்று.

ஸ்பின்னிங் மாஸ்டர் சோலைராஜ் அறைக்குள் வந்து திரையைப் பார்த்தார். ஷெட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

“என்னம்மா, இன்னிக்குமா?”

“ஏதோ ஒரு ஃப்ரேம்லருந்து நேரங்கெட்ட நேரத்துல சிக்னல் வருது சார். எந்த ஃப்ரேம்னு இந்த எண்களுக்குள்ளயே இருக்கும். கணக்குப் போட்டா சொல்லிரலாம்.”

கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டாள். சோலைராஜ் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார்.

“அப்படிச் சொல்லுங்க. யாரோ கை வைக்கான். எம்புட்டு நூல் ஓட்டுறோம்னு கம்ப்யூட்டர் காட்டிக் குடுத்துரும்னு பயம். நின்ன மெஷின்ல கை வைக்கக் கூடாதுன்னு போர்டே எழுதி வச்சிருக்கேன். எந்த ஃப்ரேம்னு மட்டும் சொல்லுங்க. அங்க நிக்கிற ஆளு மறுநாள் கேட்டுக்கு வெளிய.”

அவர் போனபின் வீரணன் குரலைத் தாழ்த்தினார். “அவரு ஆளத் தேடுதாரு. ஆளு செத்து ஆறு மாசமாச்சு.”

“யாரு?”

“மொக்கைச்சாமி. பதினாலாம் நம்பர் ஃப்ரேம்ல நூல் ஒட்டி சைடு பாத்தவன். தை மாசம், இதே நேரம். ஃப்ரேம் நின்னுச்சு, அவனும் சக்கரத்துல கைய வச்சபடியே சரிஞ்சுட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்டோ பஸ் ஸ்டாண்டைத் தாண்டல, உசிரு போயிருச்சு. பங்குனியில நீங்க இந்தப் பெட்டிய வச்சீங்க. அவன் தினம் வந்து கணக்குக் குடுக்கான்னு ஷெட்டு பூராப் பேச்சு.”

“தினமும் சாகலையேண்ணே. வாரத்துக்கு ரெண்டு மூணு நாள்தான?”

“அவனுக்கும் லீவு வேண்டாமா?” என்று வீரணன் சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. “அவன் பொண்டாட்டி குருவம்மாளுக்குத்தான் இப்ப அந்த ஃப்ரேம். பதிலியா வச்சிருக்காக. இன்னும் பெர்மனென்ட் ஆக்கல.”

திரையில் இருந்த எண்களை எல்லாம் கிருபா ஒரு தாளில் பார்த்து எழுதிக்கொண்டாள். அந்த நிலையில் கம்ப்யூட்டர் எதையும் சேமித்து வைக்காது; நிறுத்தினால் எல்லாம் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து, கட்டிலில் நிரலின் அச்சுத்தாள்களைப் பரப்பி உட்கார்ந்தாள். அம்மா பரிபூரணம் எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, ஓய்வுநாள்ல கூட இதானா? கல்யாணப் பத்திரிகை அனுப்புறதுக்கு எழுதுற லிஸ்ட்டுன்னு நெனச்சு ஒரு நிமிசம் சந்தோசப்பட்டுட்டேன்.”

“ஒரு செத்த வீட்டு விசாரணைம்மா. செத்த நேரம் சும்மா இரேன்.”

பதினாறடிமான எண்களைச் சாதாரண எண்களாக அவள் மாற்றி மாற்றிப் பார்த்தாள். சாவு நடந்த முகவரி அவளுடைய சின்ன நிரலுக்குள்தான் இருந்தது. அது எழுதப்போன இடம் அதற்குச் சொந்தமில்லாத இடம். அவள் அச்சுத்தாளின் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். விலகும்போது செய்யவேண்டிய வேலைகள் அங்கே இருந்தன. முதலில் நினைவக இடத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. பிறகு சென்சார் வயர்கள் வந்து சேரும் கார்டை ரீசெட் செய்து இரண்டு வினாடி காத்திருக்கிறது. அதன்பிறகுதான் கெர்னலிடம் ‘இனி என்னைக் கூப்பிடாதே’ என்கிறது. வீட்டைக் காலி செய்துவிட்டு, தபால்காரரிடம் சொல்லாமல் விட்டது போல. அந்த இரண்டு வினாடிக்குள் ஒரு துடிப்பு வந்தால் கெர்னல் பழைய முகவரிக்குத்தான் ஓடும். அங்கே யாரும் இல்லை.

வரிசையை மாற்றி எழுதியது அவள்தான். எல்லா ஃப்ரேமும் நின்ற பிறகுதானே பொத்தானை அழுத்துகிறார்கள், நின்ற மெஷினிலிருந்து என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்திருந்தாள்.

ஆனால் வந்திருந்தது. எந்தக் கணக்கில் ஒன்றைக் கூட்டப் போனது என்பதையும் ஓர் எண் சொன்னது. அவள் மூன்று முறை மாற்றிப் பார்த்தாள். மூன்று முறையும் பதினான்கு.

வெளியே ஆனிக்காற்று ஜன்னல் கொக்கியை ஆட்டிக்கொண்டிருந்தது. சென்சாருக்கு யுபிஎஸ்ஸிலிருந்து மின்சாரம் உண்டு. ஆனால் ஃப்ரேமுக்கு இல்லை. ஃப்ரேமைச் சுற்ற ஒன்றும் இல்லை. கிருபா எழுந்து போய்க் கொக்கியை இறுக்கினாள். பட்டப்பகலில் அப்படிச் செய்ததற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை மாலை அவள் வீரணனிடம், “நீங்க வழக்கம்போலச் செய்யுங்கண்ணே,” என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குள் இறங்கினாள்.

ஆறு மணிக்கு இரைச்சல் மெல்ல மெல்ல இறங்கி நின்றது. மில்லுக்குள் அந்த அமைதி பழகாதவர்களைப் பயமுறுத்தும். காதுக்குள் மட்டும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் பஞ்சுத்தூசி இறங்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் டீக்குப் போக வாசலில் கூடி மணிக்குக் காத்திருந்தார்கள். பதினான்காம் ஃப்ரேமின் கடைசியில் ஒரு பெண் மட்டும் தனியாக நின்றாள்.

மேலே அறை ஜன்னலில் வீரணன் தெரிந்தார். இடது கை பொத்தானில், வலது கை கயிற்றில். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தார். அதைப் பார்த்ததும் கிருபாவுக்குப் பாதி விளங்கிவிட்டது. அவள் தனியாக நிறுத்திப் பார்த்த நாட்களில் யாரும் மணி அடிக்கவில்லை.

மணி விழுந்தது. அந்தப் பெண் குனிந்து, ஓரத்துச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். உருளை முனகிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அவள் விரலை உருளையில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மேலேயிருந்து வீரணன், “போச்சு!” என்று கத்தினார். இரண்டு வினாடி பிந்திச் சுற்றியிருந்தால் செத்திருக்காது; வாரத்தில் பாதி நாள் அப்படித்தான் தப்பியிருக்கும்.

திரும்பிய குருவம்மாள் கிருபாவைப் பார்த்ததும் கையைச் சேலைக்குள் மறைத்தாள்.

“மாஸ்டர்கிட்ட சொல்லிராதீங்கம்மா. ரெண்டு பிள்ளைக இருக்கு. வத்திராயிருப்புல படிக்குதுக.”

“எதுக்குக்கா சுத்துறீங்க?”

“அவிய சுத்துவாக. நின்ன மெஷின அப்படியே விட்டுட்டா மேல இருக்கிற ரப்பர் ஒரே எடத்துல அழுந்திப் பள்ளமாயிருமாம். பொறவு நூலு ஒரு பக்கம் தடிமனு, ஒரு பக்கம் மெலிசு. அதனால போகும்போது ஒரு சுத்து. மத்தவுக கேலி பண்ணுவாகளாம், மெஷினுக்குத் தாலாட்டுப் பாடுதான்னு.” அவள் சக்கரத்தைப் பார்த்தாள். “அன்னைக்கு நெஞ்சு கரிக்குதுன்னு மாஸ்டர்கிட்ட கேட்டிருக்காக, வீட்டுக்குப் போறேன்னு. மெஷின் நிக்கட்டும், நின்ன பொறவு போன்னுட்டாரு. நின்னுச்சு. சக்கரத்துல கைய வச்சாக. சுத்தல. பாதியில விட்டுட்டுப் போயிட்டாக. அத நாந்தான சுத்தணும்?”

“தினமுமா?”

“ஒரு தடவ சுத்தி முடிஞ்சுரும்னுதான் நெனச்சேன்,” என்றாள் குருவம்மாள். “முடியல.”

அன்றிரவுக்குள் சரிசெய்ய வேண்டியது இரண்டே வரி. கிருபா ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைத் தவறவிடாமலே செய்து முடித்தாள். முதலில் ‘என்னைக் கூப்பிடாதே’, பிறகு காத்திருத்தல், கடைசியில் இடத்தைத் திருப்பிக் கொடுத்தல். இனிப் பதினான்கு என்ன, இருபத்துநான்கும் மணிக்குப் பிறகு சுற்றினாலும் கம்ப்யூட்டர் சாகாது.

மறுநாள் மாலை சோலைராஜ் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வீரணன் மணி அடித்தார், பொத்தானை அழுத்தினார். கணக்கு ஒழுங்காக வந்து நின்றது. ஷெட்டுக்குள் இருந்து லேசான ஒரு முனகல் கேட்டது. கேட்கவேண்டும் என்று காத்திருந்த கிருபாவுக்கு மட்டும்.

“பலே. என்ன கோளாறு?”

“என் நிரல்ல வரிசை தப்பு சார். மாத்திட்டேன்.”

“அது சரி. சிக்னல் எங்கருந்து வந்துச்சு? நிக்கிற மெஷின்லருந்து தானா வராதுல்லா? எந்த ஃப்ரேம்னு சொல்லுறேன்னீங்களே.”

தெரியவில்லை என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். சொன்னால் அவர் விடமாட்டார். நாளைக்கு ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஆளை நிறுத்திப் பார்ப்பார். பார்த்தால் அகப்படப் போவது ஒரே ஒருத்திதான்.

“பதினாலு சார்.”

வீரணன் கயிற்றை விட்டுவிட்டார்.

“நேத்து நானே கீழ போய்ப் பக்கத்துல நின்னு பாத்தேன்,” என்றாள் கிருபா. “எல்லாம் நின்னுச்சு. நின்ன பொறவு உருளை ஒரு சுத்து சுத்துச்சு சார்.”

“யாரு சுத்துனா?”

“நான் பாத்தது அதுதான் சார். நின்ன பொறவு ஒரு சுத்து.”

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ‘நின்ன பொறவு’ என்பதை இரண்டாம் முறை ஏன் அழுத்திச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியும். சோலைராஜ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னல் வழியே கீழே இருட்டைப் பார்த்தார். மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பேய் பிசாசுன்னு பேசுறதெல்லாம் எனக்குப் பிடிக்காது,” என்றார், யாரும் அப்படிப் பேசாதபோதே. எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார். “வீரணா, நாளைலருந்து பதினால ஓட்ட வேண்டாம். பழைய ஃப்ரேம்தான? கழட்டிப் பாகமா வச்சுக்கிடுவோம். அந்தப் பொம்பளைய பத்தொம்பதுக்கு மாத்து. பெர்மனென்ட் பேப்பரையும் போட்டுருவோம். சும்மா இழுத்துக்கிட்டே கெடக்கு.”

அவர் செருப்புச் சத்தம் படியில் இறங்கி மறைந்தது.

“வேலை நெலச்சிருச்சு,” என்றார் வீரணன். கொஞ்சம் கழித்து, “ஃப்ரேமு போச்சு,” என்றார்.

கிருபா அதை யோசித்திருக்கவில்லை. பின்னாலேயே ஓடிப்போய் உள்ளதைச் சொல்லலாமா என்று படிவரை போனாள். சொன்னால் ஃப்ரேம் இருக்கும், ஆள் இருக்கமாட்டாள். படியில் கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

மறுநாள் காலை அவள் வந்தபோது பதினான்கில் நூல் முழுவதையும் அறுத்து எடுத்திருந்தார்கள். இரண்டு ஃபிட்டர்கள் ஸ்பானரோடு உட்கார்ந்திருந்தார்கள். “மேடம், இந்த வயரு உங்களுதுதான? கழட்டிக்கிடுங்க, நாங்க ஆரம்பிக்கணும்,” என்றான் ஒருவன்.

சுற்றிலும் மற்ற இருபத்துமூன்றும் இரைந்துகொண்டிருந்தன. குருவம்மாள் பத்தொம்பதில் அறுந்த நூலை ஒட்டிவிட்டு, கையைத் துடைத்தபடி வந்தாள். அந்த இரைச்சலில் கிருபாவின் காதருகே வாயை வைத்துத்தான் பேச முடிந்தது.

“மாஸ்டர்கிட்ட என்னம்மா சொன்னீக?”

“பாத்ததச் சொன்னேன்க்கா. ஆளு யாருன்னு மட்டும் சொல்லல.”

குருவம்மாள் யோசித்தாள். அவள் முகத்தில் நன்றியும் இல்லை, கோபமும் இல்லை. “அப்ப அவியன்னு நெனச்சுக்கிட்டாரா?”

“ஆமாக்கா.”

“நெனைக்கட்டும்,” என்றாள். பிறகு, “கழட்டுறதுக்கு முன்ன நீங்க ஒரு சுத்து சுத்திருங்கம்மா. நான் தொட்டா இவனுக பாத்துப் போய்ச் சொல்லுவானுக. நீங்கன்னா சென்சாரப் பாக்கீகன்னு விட்டுருவானுக.”

கிருபா சக்கரத்தைப் பிடித்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. மூச்சைப் பிடித்து இழுத்ததும் உள்ளே எங்கோ இறுகியிருந்தது இளகி, உருளை ஒரு முழுச் சுற்று வந்து நின்றது. குருவம்மாள் அதுவரை பார்த்துவிட்டுத் தன் ஃப்ரேமுக்குத் திரும்பிப் போனாள். கிருபா சென்சாரைக் கழற்றினாள்.

மாலையில் கணக்குத்தாள் அச்சாகி வந்தது. வீரணன் அதைக் கொண்டுபோய் மாஸ்டர் மேஜையில் வைத்தார். சோலைராஜ் ஒவ்வொரு ஃப்ரேமாகப் பேனா முனையை வைத்துக்கொண்டே இறங்கினார். அன்று முழுக்க ஓடாத பதினான்குக்கு நேரே ஒன்று என்று இருந்தது. பேனா அங்கே நின்றது. வீரணனும் கிருபாவும் எதிரே நின்றுகொண்டிருந்தார்கள். அவர் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பேனா பதினைந்துக்கு இறங்கியது.