வாரன் சொன்னதும் நான் சொன்னதும்

அமெரிக்க இயக்குநர் வாரன் ஹாலக்குக்கு நாற்பது வருடத்தில் பதினோரு நாட்டு நடிகர்கள் கிடைத்தார்கள். பாஷை மட்டும் ஒன்றுகூட ஒட்டவில்லை. நியூயார்க்கில் வீடு பூட்டிக் கிடக்கும். மனிதர் வார்சா, மணிலா, புனோம்பென் என்று நாடகம் போட்டுக்கொண்டே போவார். போன இடமெல்லாம் அவர் பேச்சை மொழிபெயர்க்க ஒரு வாய் தேவைப்பட்டது. இந்தோனேசியாவில், யோக்யகர்த்தாவில், அந்த வாய் நான், ராத்ரி.

ஒத்திகை முடிந்ததும் கறுப்பு நோட்டைத் திறந்து ஒவ்வொருவர் குறையாகச் சொல்லுவார். அதிகம் வாங்கியவர் பாக் வகிமான். முப்பது வருடம் ஊர் ஊராகக் கூத்தில் ராஜா வேஷம் கட்டியவர். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்கு எட்டும் தொண்டை. இந்த நாடகத்தில் மகளைப் பறிகொடுத்த அப்பா. எங்களுக்கெல்லாம் அவர் 'பாக்', அதாவது ஐயா. என்னைவிட இருபது வயது மூத்தவர், ஆனாலும் மரியாதைக்கு என்னை 'எம்பாக்', அக்கா, என்றுதான் கூப்பிடுவார்.

"சந்தையில மீன் விக்கிற மாதிரி கத்துறான். மகளுக்காகவா அழறான்? கைதட்டலுக்கு அழறான். சொல்லு" என்பார் வாரன்.

நான் சொல்லுவேன்: "இன்னும் கொஞ்சம் மெதுவாப் பேசலாம்னு நினைக்கிறார், பாக். மத்தபடி சந்தோஷம்தான்."

வேறென்ன சொல்வது? அப்பா வயதுக்காரரை அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்ல எங்கள் பக்கம் யாருக்கு நாக்கு எழும்? பாக் வகிமான் சிரித்துத் தலையாட்டுவார். மறுநாள் இன்னும் பலமாகக் கத்துவார்.

"வார்சாவுல என்மேல நாற்காலிய வீசினாங்க. உன்கிட்ட யாருமே அழறதில்ல. உன்னை மாதிரி ஒருத்தி எனக்கு அமைஞ்சதே இல்ல" என்றார் வாரன் ஒருமுறை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வெட்கக்கேடு.

ஒரே ஒரு நாள், பாக் வகிமான் குரலே எழுப்பாமல் செத்த மகளின் சட்டையை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். வாரன் கண்ணாடியைக் கழற்றினார். "நாற்பது வருஷமா இதுக்காகத்தான் நாடு நாடா அலையறேன். அவர்கிட்ட சொல்லு." அதை மட்டும் ஓர் எழுத்துக் குறைக்காமல் சொன்னேன்.

அரங்கேற்றத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது வாரன் நோட்டை மூடினார். "ஆறு வாரமா சொல்றேன். சிரிக்கிறானே தவிர கேக்கறதில்ல. வேற ஆளைப் போட்டுட்டேன். சொல்லிடு."

"உங்களுக்கு ஓய்வு வேணும்னு நினைக்கிறார், பாக்" என்றேன்.

மறுநாள் காலை ஓய்வெடுத்த முகத்தோடு வந்து நின்றார். கையில், எல்லோருக்குமாக மனைவி கட்டிக்கொடுத்த வாழையிலைச் சோற்றுப் பொட்டலங்கள். மேடையில் அவருடைய வேஷத்தில் வேறொருவர்.

இனி பூசி மெழுக இடமில்லை. கூடத்தின் ஓரத்தில் அவரை உட்காரவைத்து மீன் சந்தை, கைதட்டல் என எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"முதல் நாள்லேர்ந்தேவா, எம்பாக்?"

"ஆமா, பாக்."

"அப்ப அன்னிக்குக் கண்ணாடியக் கழட்டிட்டு ஏதோ சொன்னாரே, அதுவும் நீங்க கட்டினதுதானா?"

"ஐயோ, இல்ல பாக்! அது அவரே சொன்னது!"

"சரி, சரி" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

ஓடிப்போய் வாரனிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "அப்ப மணிலாவுல? புனோம்பென்ல? அங்கெல்லாம் நான் என்னதான் சொன்னேன்?" என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

பிறகு விறுவிறுவென்று போய் பாக் வகிமானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "நீங்க அந்தச் சட்டைய மடிச்ச மாதிரி வேற யாராலயும் முடியாது. நீங்கதான் அந்த அப்பா. திரும்பி வாங்க."

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சொல்லுக்குச் சொல் சொன்னேன்.

பாக் வகிமான் எப்போதும் போலச் சிரித்தார். "ரொம்ப நன்றின்னு சொல்லுங்க. நீங்க நல்ல மனசுக்காரி, எம்பாக். போதும், இனிமே கஷ்டப்படாதீங்க."

பொட்டலங்களை வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"என்ன சொன்னார்? வர்றாராமா?" என்று வாரன் என் தோளை உலுக்கினார்.

"நம்பல" என்றேன். "என்னை நம்பல."