அண்ணன் கை தூக்கவில்லை

என் அண்ணன் எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. விளக்கை அணைத்தால் போதும், அவருக்குக் கண் சொக்கிவிடும். குறட்டைச் சத்தத்தை வைத்துத்தான் படம் தொடங்கிவிட்டது என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட மனிதரின் கையில் போய் ஒரு சினிமாக் கூடத்தின் உயிர் சிக்கிக்கொண்டது. என் தலையெழுத்து, வேறென்ன சொல்ல?

கூடம் ஒரு காலத்தில் பிஸ்கட் கம்பெனியின் கிடங்கு. மழை பெய்தால் இன்றைக்கும் சுவரிலிருந்து வெண்ணெய் வாசனை வரும். நாலைந்து பேர் சேர்ந்து அதை வாடகைக்குப் பிடித்து, திரை கட்டி, கண்ட இடத்திலிருந்தெல்லாம் நாற்காலி சேர்த்தோம். சனி, ஞாயிறுகளில் படம். வாரத்தில் இரண்டு மாலைகள் வகுப்பு: கேமரா, ஒலிப்பதிவு, எடிட்டிங். நைட் ட்யூட்டி பார்க்கும் நர்ஸ், பஸ் டிரைவர், ரிட்டையரான சர்வேயர், கல்லூரிப் பெண்கள் என்று வகுப்பில் எல்லோரும் உண்டு. கட்டணம் கிடையாது. லாபம் என்ற பேச்சும் கிடையாது. டிக்கெட் விற்று வருவதில் புரொஜக்டருக்கு பல்பு வாங்கினாலே பெரிய காரியம். வாடகையும் மின்சாரமும் ஆபரேட்டர் சம்பளமும் நகர மன்றம் தரும் மானியத்தில்தான் ஓடின.

அண்ணன் அந்த மன்றத்தில் உறுப்பினர். நான் கூடத்தின் தலைவி. உறவினர் நடத்தும் அமைப்புக்கு உறுப்பினர் ஓட்டுப் போடக் கூடாது என்பது விதி. அதனால் ஒவ்வொரு முறையும் எங்கள் மானியம் பேச்சுக்கு வந்தால் அவர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவார். மற்றவர்கள் கை தூக்குவார்கள், நிறைவேறிவிடும், அவர் திரும்பி வந்து உட்காருவார். யாருக்கும் வருத்தமில்லை.

இந்த முறை ஒரு பல் டாக்டர் புது உறுப்பினராக மன்றத்துக்குள் வந்தார். "நடத்தறவங்களத் தவிர அந்தக் கூடத்துக்கு யாருங்க போறா?" என்று ஒரே கேள்வியைக் கேட்டே பாதி மன்றத்தைத் தன் பக்கம் இழுத்துவிட்டார். மானியத்தை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் சாக்கடைக்கு மூடி போடலாம் என்றார். கேட்கக் காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. என் வயிறு எரிந்தது வேறு காரணத்துக்கு. அந்தக் கேள்வி டாக்டருடைய சொந்தச் சரக்கு இல்லை. "நமக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தராவது அங்க போறாங்களா?" என்று டீ குடிக்கும்போது அண்ணன் விளையாட்டாகக் கேட்டதைத்தான் அவர் மேடைக்குக் கொண்டுபோயிருந்தார்.

மன்றச் செயலாளர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. சமமா வந்தா மானியத் தீர்மானம் தோத்துப்போச்சுன்னு அர்த்தம். உங்க அண்ணன் ஒருத்தர்தான் மிச்சம். நீங்க பொறுப்புல இல்லன்னா அவர் ஓட்டுப் போடலாம்."

"ஓட்டெடுப்பு முடிஞ்சதும் நான் திரும்பி வரலாமா?"

"அதெப்படி? மானியக் காலம் முடியற வரைக்கும் எந்தப் பொறுப்பும் கூடாது. இல்லன்னா ஆளாளுக்கு ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்துடுவாங்களே."

மானியக் காலம் மூன்று வருடம். வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கூடம் இருக்க வேண்டும் என்றால் நான் அதில் இருக்கக் கூடாது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. ஜீரணிக்கத்தான் முடியவில்லை.

மறுநாளே விலகிவிட்டேன். எங்கள் ஆபரேட்டர் தலைவரானான். எது கெட்டாலும் "ஃபியூஸ் போயிருக்கும்" என்பான். சோபாவின் கால் உடைந்தபோதும் அதையே சொன்னதால் அவன் பெயரே ஃபியூஸ் ஆகிவிட்டது. சாவிக் கொத்தை அவன் கையில் கொடுத்தேன். வெளிக்கதவு, ஆபீஸ் அறை, கழிப்பறை என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். லென்ஸ் அலமாரியின் சாவி மட்டும் கொத்தில் இல்லை. அது மணல் வாளிக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும், எனக்கு மட்டும் தெரியும். அதை நான் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. தேவைப்படும்போது என்னிடம் வந்து கேட்கட்டுமே என்றுதான்.

அந்த ஞாயிறு அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு. அண்ணன், அண்ணி, நான். விலகிய செய்தியைச் சொல்லிவிட்டு, பெரிய தியாகம் செய்த முகத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் ஆதரிச்சுதான் கை தூக்குவேன்னு உனக்கு யாரு சொன்னா?"

"என்ன சொல்றீங்க?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா? நீயா விலகின, நீயா கணக்குப் போட்ட. நான் உனக்கு அண்ணன். மன்றத்துல நான் ஊருக்கு ஆளு. சாக்கடை மூடி இல்லாம போன மாசம் ஒரு கிழவர் விழுந்து இடுப்பெலும்ப உடைச்சிக்கிட்டார். அவர் வீட்டுல போய், இல்லைங்க, நாங்க படம் காட்டறோம்னு நான் சொல்லணுமா?"

"நீங்க எங்க படம் பாத்தீங்க? தூங்கத்தான் வந்தீங்க."

"தூங்கற அளவுக்குத்தான் அங்க இருக்கு."

நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் என்னை மேலும் கொதிக்க வைத்தது. இன்னும் இரண்டு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வாயைத் திறந்தபோதுதான் அண்ணி பேசினார்.

"அப்போ நானும் நின்னுடணுமா?"

"நீ எங்க நிக்கற?" என்றார் அண்ணன்.

"கிளாஸுலேருந்து. ஆறு மாசமா கேமரா கத்துக்கறேன். குடும்பத்துல ஒருத்தர் அங்க படிச்சாலும் நீங்க ஓட்டுப் போடக் கூடாதுன்னு விதியில இருக்காமே. செயலாளரோட தங்கச்சி என் பக்கத்து சீட்டு. அவதான் சொன்னா."

எனக்குச் சுரீரென்றது. அண்ணி முன் வரிசையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்ததை நான் வாரம் தவறாமல் பார்த்திருக்கிறேன். ஆனால் அவரை மாணவியாக ஒரு நாளும் நினைத்ததில்லை. அண்ணி என்றால் அண்ணி, என்னோடு வருகிறார், என்னோடு போகிறார், அவ்வளவுதான். பதவியைத் துறந்து, சாவியைக் கொடுத்து, எல்லாம் செய்து முடித்தவளுக்கு வீட்டுக்குள் இருந்த ஆள் கண்ணில் படவில்லை.

அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

"என்ன எடுப்ப நீ?"

"ஒரு நிமிஷப் படம் ஒண்ணு எடுத்திருக்கேன். போன்ல காட்ட மாட்டேன். வேணும்னா கூடத்துக்கு வந்து பாருங்க."

அன்று மாலையே மூவரும் போனோம். என் கையில் சாவி இல்லை. நான் கட்டிய கூடத்தின் வாசலில் விருந்தாளி போல நின்று ஃபியூஸுக்கு போன் போட்டு, அவன் சைக்கிளில் வந்து திறக்கும்வரை காத்திருந்தேன்.

வகுப்பின் முதல் பாடம் அந்த ஒரு நிமிடப் படம். நான் வைத்த விதி அது. கேமராவை ஓர் இடத்தில் வைக்க வேண்டும், அசைக்கக் கூடாது, இடையில் நிறுத்தக் கூடாது, படம் பிடிப்பவர் பேசக் கூடாது, அவரிடம் யாரும் பேசவும் கூடாது. அலுப்புத் தட்டினாலும், எழுந்து ஓடலாம் போலிருந்தாலும் நிமிடம் முடியும்வரை இருக்க வேண்டும்.

ஃபியூஸ் விளக்கை அணைத்தான். திரையில் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. ஒரு தட்டு, அதன் மேல் மூடி. எதிரே காலி நாற்காலி, அதன் முதுகில் அண்ணனின் துண்டு. வேறு ஒன்றும் நடக்கவில்லை. வெளியே ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மேஜைக்கு இந்தப் பக்கம் யாரோ நிமிர்ந்து உட்காரும் அரவமும் கேட்டது. வண்டி கிளம்பிப் போய்விட்டது. கடைசியில் அண்ணியின் கை மட்டும் உள்ளே வந்து, மூடியைத் திறக்காமலேயே தட்டை எடுத்துக்கொண்டு போனது.

விளக்கு எரிந்தது. அண்ணன் விழித்துத்தான் இருந்தார்.

"இது என்னிக்கு எடுத்தது?"

"என்னிக்கா இருந்தா என்ன?" என்றார் அண்ணி. குரலில் கோபமே இல்லை, அதுதான் கேட்கத் தாங்கவில்லை.

அண்ணன் ஃபியூஸிடம், "இன்னொரு தடவ போடுப்பா" என்றார்.

அவர் இரண்டாம் முறை பார்க்கும்போது நான் அண்ணியை வராந்தாவுக்கு அழைத்துப் போனேன். அவருடைய படத்தைப் பற்றிப் பேச அல்ல. அந்த நேரத்திலும் என் புத்தி ஓட்டுக் கணக்கில்தான் இருந்தது. "அண்ணி, நீங்களும் கொஞ்ச நாள் நின்னுட்டீங்கன்னா அவர் கை தூக்கலாம். இப்போ அவர் மனசு மாறியிருக்கு. நானே விட்டுட்டேனே, நீங்க விடக் கூடாதா?"

"மாட்டேன்."

"கூடமே போயிடும் அண்ணி."

"போனா போகட்டும். நான் உள்ள இருக்கும்போது போகட்டும். நாத்தனாரே, நீ விட்டது நாற்காலி. உனக்கு வாரம் பூரா வேலை, ஆளு, பேச்சு. எனக்கு அந்த ரெண்டு சாயங்காலந்தான். அதையும் குடுத்துட்டு வீட்டுல உக்காந்து யாருக்குத் தட்டு மூடி வெக்க?"

எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. யாருக்காகக் கூடம் நடத்தினேனோ அவரையே வெளியே போகச் சொல்லியிருக்கிறேன், அதுவும் கூடத்தைக் காப்பாற்ற. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன், அவரும் விடுவித்துக்கொள்ளவில்லை.

ஓட்டெடுப்பு நாளில் நாங்கள் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நானும் அண்ணியும் ஃபியூஸும். எங்கள் மானியம் வந்ததும் அண்ணன் வழக்கம்போல் எழுந்தார். அண்ணி படிப்பது செயலாளரின் தங்கைக்குத் தெரியும், மன்றத்தில் ஒருவருக்கும் தெரியாது. அண்ணன் வாயை மூடிக்கொண்டு கை தூக்கினால் கேட்க ஆளில்லை. தூக்கிவிடுங்கள் என்று மனதுக்குள் நான் கெஞ்சியதை மறைப்பதற்கில்லை.

"நான் இதுல ஓட்டுப் போட முடியாது" என்றார் அண்ணன்.

மன்றத் தலைவர், "உங்க தங்கச்சிதான் விலகிட்டாங்களே?" என்றார்.

"அது வேற. காரணத்த வாயால சொல்லணும்னு விதி இருக்கு, சொல்றேன். என் மனைவி அங்க படிக்கறாங்க. ஆறு மாசமா போறாங்களாம், எனக்கே இப்போதான் தெரியும்." அவர் டாக்டர் பக்கம் திரும்பினார். "நமக்குத் தெரிஞ்சவங்க யாரு அங்க போறாங்கன்னு மொதல்ல கேட்டது நான்தான். நீங்க அதைத்தான் இங்க சொல்லிட்டிருக்கீங்க. என் வீட்டுலேருந்தே ஒருத்தர் போயிட்டு வந்திருக்காங்க, நான் பாக்கல. சாக்கடைக்கு மூடி வேணும், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா அங்க யாரும் போறதில்லன்னு நான் சொன்னது தப்பு. அதைத் திருப்பி வாங்கிக்கறேன்."

சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், சிலர் தொண்டையைச் செருமினார்கள். பல் டாக்டர் தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார். கை தூக்கச் சொன்னபோது ஆதரவாகப் பாதி எழுந்தது. எதிர்ப்பவர்கள் யார் என்று கேட்டபோது டாக்டரின் கை மேஜையிலேயே இருந்தது.

"டாக்டர்?"

"நான் ரெண்டு பக்கமும் இல்லங்க. வீட்டுல போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தாத்தான் என்னால எதுவும் சொல்ல முடியும்."

அவையே சிரித்தது. ஒரே ஒரு கை வித்தியாசத்தில் மானியம் நிறைவேறிவிட்டது. ஃபியூஸ் அழுதுவிட்டான். அண்ணி வராந்தாவில் அண்ணனிடம் போய் நின்றார். நான் பெஞ்சிலேயே இருந்தேன். அண்ணன் கை தூக்கவில்லை. அப்படியென்றால் நான் விலகியதற்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. நான் தலைவியாகவே இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். செயலாளர் என்னைப் பார்த்துவிட்டு, எதுவோ சொல்ல வந்து, காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

புது வகுப்பு தொடங்கியபோது நானும் போய்ச் சேர்ந்தேன். படிக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. "புதுசா சேர்றவங்க பின் வரிசை, மேடம்" என்றான் ஃபியூஸ், கூச்சத்தோடு. இத்தனை வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நான் சொந்தமாக ஒரு நிமிடம்கூட எடுத்ததில்லை. கேமராவைக் கையில் வாங்கியபோது நடுங்கியது. "முழங்கைய மேஜை மேல ஊனிக்கோ" என்றார் அண்ணி.

ஆபீஸ் அறைக் கதவும் பக்கத்திலிருந்த லென்ஸ் அலமாரியும் தெரியும்படி நேராகக் கேமராவை வைத்தேன். என் பெயர்ப் பலகை இருந்த இடத்தில் ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. ஓட விட்டேன்.

சட்டகத்துக்குள் ஃபியூஸ் வந்தான். கொத்திலிருந்த சாவிகளை ஒவ்வொன்றாக லென்ஸ் அலமாரியில் போட்டுப் பார்த்தான். எதுவும் சேரவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தான். இதற்காகத்தானே நான் காத்திருந்தேன்? ஆனால் கேமரா ஓடுவதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். நான் சொல்லிக்கொடுத்த விதிதான். எனக்கும் வாய்வரை வந்தது, வாளிக்குப் பின்னால் பாருடா என்று. நானும் பேசவில்லை.

அவன் அலமாரியின் மேலே தடவினான். கதவுக்குப் பின்னால் பார்த்தான். பிறகு குனிந்து மணல் வாளியை நகர்த்தினான். ஆணியிலிருந்த சாவியை எடுத்து, அலமாரியைத் திறந்து, அதைக் கொத்தில் கோத்துக்கொண்டு உள்ளே போனான். இனி என்னிடம் கேட்க அவனுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு அழுகை வந்தது, கூடவே ஏதோ ஒரு பாரமும் இறங்கியது.

"நிமிஷம் ஆயிடுச்சு" என்று அண்ணி மெதுவாகச் சொன்னார். எனக்கும் தெரியும். இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.