பொட்டு வைத்த பிரிண்டர்

இராஜமாணிக்கம் ஆயுத பூஜைக்கு இறங்கிவிட்டால் வீட்டில் ஒரு கரண்டிகூடத் தப்பாது. வங்காளத்தில், ஹவுராவில் ஒரு பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். அந்த ஊர்ப் பட்டறைக்காரர்கள் செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜையோடு கருவிகளுக்கு உண்டான மரியாதையை முடித்துக்கொள்வார்கள். இவர் அதிலும் முன்வரிசையில் நின்றுவிட்டு, நவமியன்று வீட்டில் தனியாக இன்னொரு தடவை நடத்துவார். பொரிகூட மூலைக்கடையில் முரி என்று விற்கிற வங்காளத்துப் பொரி ஆகாது. தமிழ்க் கடைகள் இருக்கிற லேக் மார்க்கெட்டுக்குப் போய் வாங்கி வந்தால்தான் அவருக்குப் பொரி. இரண்டும் ஒரே மூட்டையிலிருந்து வந்ததாக இருக்கும் என்று அவர் மனைவி சகுந்தலா ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அப்புறம் சொல்வதில்லை.

இந்த வருடமும் விடிந்ததும் விடியாததுமாக எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பினார். ஸ்பேனர், சுத்தியல், அரம், மிக்ஸி, வீட்டிலிருந்த பேனா பென்சில் அத்தனையும். பிள்ளை ரமேஷ்பாபு போன தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த பிரிண்டரையும், அதை ஃபோனோடு சேர்த்து வைக்கிற வைஃபை பெட்டியையும் ஒயர் பிடுங்கிக் கொண்டுவந்து வைத்தார். ஈரத் துணியால் பிரிண்டரைப் பொத்தான் பொத்தானாக அழுத்தித் துடைத்தார். வைஃபை பெட்டிக்கு நெற்றி எது என்று தெரியவில்லை. அடிப்பக்கத்தில் வெள்ளையாக ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அதுதான் இடம் என்று சந்தனத்தைத் தாராளமாக அப்பிக் குங்குமம் வைத்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

அவர் மறந்தது ஒன்றே ஒன்று. முந்தின நாள் சாயந்தரம் சகுந்தலா, "என்னங்க, எனக்கு மூணு பக்கம் பிரிண்ட் எடுத்துத் தரணும்," என்று கேட்டிருந்தாள். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நாளைக்குப் பாத்துக்கலாம்," என்று அவரும் சொல்லியிருந்தார். நாளைக்கு என்ன நாள் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். கேட்டது மனதில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

அந்த மூன்று பக்கம் சாதாரண விஷயமில்லை. பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவுக்கு சகுந்தலா கல்யாணமான கையோடு வந்தவள். வரும் டிசம்பரில் வீட்டைக் காலி செய்துவிட்டு இருவரும் கோயம்புத்தூருக்கு, ரமேஷ்பாபுவிடம் போகிறார்கள். இதைக் கேள்விப்பட்ட தெருவில் நவராத்திரிப் பந்தல் போடுகிற பூஜைக் கமிட்டி, நவமி ராத்திரி நிகழ்ச்சியில் அவளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியது. இந்தத் தெருவில் அவள் பார்த்த முதல் பூஜையைப் பற்றிப் பேச வேண்டும். இத்தனை வருடமாகப் பந்தலில் பழம் நறுக்கிக் கொடுத்தவள், போக் என்கிற பிரசாதச் சாப்பாடு பரிமாறியவள்; மேடைக்கு யாரும் கூப்பிட்டதில்லை. இனிமேல் கூப்பிட அவள் இங்கே இருக்கப்போவதும் இல்லை.

வங்காளம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பஸ் பலகை, மருந்துக்கடை போர்டு, பேப்பர் தலைப்பு என்று பார்த்துப் பார்த்து எழுத்தையும் தானே பிடித்துக்கொண்டவள். ஆனால் எல்லாம் அச்செழுத்து. வங்காளத்தில் கையால் எழுத வராது, மற்றவர்கள் எழுதினால் படிக்கவும் வராது. அதனால் ஒரு வாரமாக அடுப்படியில் நின்றபடி ஃபோனிடம் சொல்லிச் சொல்லி அதையே எழுத வைத்தாள். பிழைகளை மாடி வீட்டு சுப்ரியா திருத்திக் கொடுத்தாள். அடுப்படியில் மனைவி வங்காளத்தில் பேசிக்கொண்டே இருந்தது இராஜமாணிக்கத்தின் காதில் விழத்தான் செய்தது. பக்கத்து வீட்டுக்காரியோடு ஊர்வம்பு என்று நினைத்து டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டார்.

நவமி மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் பாயில் சாய்ந்தபோது சகுந்தலா வந்து நின்றாள்.

"என்னங்க, அந்த மூணு பக்கம். சாயந்தரம் ஏழு மணிக்குக் கூப்பிடுவாங்க."

"எந்த மூணு பக்கம்?" என்றவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "அடடா, பூஜையில வச்சுட்டேனே. வச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாது. நாளைக்குக் காலையில எடுத்துத் தரேன்."

"நாளைக்கு எனக்கு எதுக்குங்க?"

"அப்ப ஃபோனப் பாத்துப் படிச்சிரு. இப்ப யாரு பேப்பர்ல படிக்கிறாங்க?"

"பெருசாக்கினா ரெண்டு வரிதான் தெரியுது. கை பட்டா எங்கயோ ஓடிருது. எனக்குக் கண்ணு இருக்கிற லட்சணம் உங்களுக்குத் தெரியாதா?"

"கடையில குடுத்து எடுத்துக்க."

"நவமியன்னிக்கு எந்தக் கடை திறந்திருக்கு? ஸ்டேஷன் வரைக்கும் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"சாமி காரியம் சகுந்தலா. நான் என்ன பண்ணட்டும்?" என்று கண்ணை மூடிக்கொண்டார். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. வற்புறுத்துகிற பழக்கம் அவளிடமிருந்து எப்போதோ போய்விட்டிருந்தது. அதைத்தான் இராஜமாணிக்கம் இத்தனை காலமாகக் குடும்ப அமைதி என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

பந்தலில் தாக் மேளம் கொட்டுகிற சத்தத்தில் அவர் விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. சகுந்தலா சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவையை இஸ்திரி போட்டுக் கட்டில்மேல் விரித்து வைத்திருந்தாள். பக்கத்தில் ஃபோனைக் கண்ணருகே தூக்கிப் பிடித்து, உதடு அசைய, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். அவருக்குச் சுருக்கென்றது. சாமி முன்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தாயே, பொறுத்துக்கோ," என்று சொல்லிப் பிரிண்டரையும் வைஃபை பெட்டியையும் தூக்கி வந்து ஒயரைச் சொருகினார். இதை மத்தியானமே செய்திருக்கலாம். தாயார் அப்போதும் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

பிரிண்டரில் எப்போதும் அசையாமல் எரிகிற நீல விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. சகுந்தலாவின் ஃபோனை வாங்கி அழுத்தினார். பிரிண்டரைக் காணவில்லை என்றது. பிரிண்டரோ எதிரிலேயே பொட்டும் பூவுமாக உட்கார்ந்திருந்தது. அணைத்தார், போட்டார், மறுபடி அழுத்தினார். ஆயுள் முழுக்க மெஷின் பார்த்தவர். மெஷின் என்றால் ஒயரையோ பெல்ட்டையோ பிடித்துக்கொண்டே போகலாம், எங்கேயாவது கோளாறு அகப்பட்டுவிடும். இங்கே பிடித்துக்கொண்டு போக ஒன்றுமே இல்லை. காலையில் அழுத்தித் துடைத்த துடைப்பில் பிரிண்டர் தன் பழைய இணைப்பைச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. புதிதாக வருகிறவனிடம் கேட்பது போல வைஃபை பாஸ்வேர்டு என்ன என்று கேட்டது.

தன் ஃபோனில் ரமேஷ்பாபுவைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. பாஸ்வேர்டு பெட்டிக்கு அடியிலேயே இருக்கிறது என்று பிள்ளை எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. ஆவலாகப் பெட்டியைத் திருப்பினார். ஸ்டிக்கர் முழுக்க அவர் அப்பிய சந்தனம், காய்ந்து கெட்டியாகியிருந்தது. ஈரத் துணியால் துடைத்தார். சந்தனத்தோடு எழுத்தும் சேர்ந்து வந்துவிட்டது. மிஞ்சியது முதல் நாலு எழுத்தும் ஒரு குங்குமக் கறையும்தான்.

பூஜையிலிருந்து ஒரு பேனாவையும் எடுத்து, அவளைப் படிக்கச் சொல்லித் தமிழ் எழுத்திலாவது எழுதியிருக்கலாம். எழுத்துப் பெரிதாக இருந்தால் அவளுக்குப் போதும். அது அவருக்கு மறுநாள்தான் தோன்றியது. அப்போது அவருக்கு ஒரே பிடிவாதம், இந்த மெஷினை ஒரு கை பார்த்துவிடுவது. பிள்ளையைக் கூப்பிடுவதும் பிரிண்டரை அணைத்துப் போடுவதுமாக இருந்தார். சகுந்தலா புடவை கட்டி, தலை வாரி, வாசல் பக்கம் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"மாஷிமா, அடுத்தது நீங்கள்தான்," என்று சகுந்தலாவைச் சித்தி முறை வைத்து சுப்ரியா வங்காளத்தில் கூப்பிட்டபடி படியேறி வந்தாள்.

"ரெண்டே நிமிஷம்," என்றார் இராஜமாணிக்கம்.

"பரவாயில்ல, ஃபோனக் குடுங்க," என்றாள் சகுந்தலா. அவர் கொடுக்கவில்லை, கடைசியாக ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். அவளே கையிலிருந்து வாங்கிக்கொண்டு சுப்ரியாவோடு இறங்கிப் போனாள். அப்போதாவது எழுந்து கூடப் போயிருக்க வேண்டாமா? போகவில்லை. ரமேஷ்பாபுவுக்கு மறுபடி ஃபோன் போட்டார். போட்டுக்கொண்டேதான் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே வந்தார்.

பந்தலில் நல்ல கூட்டம். மேடையில் சகுந்தலா மைக்கின் முன்னால் நின்றாள். தலைக்குமேல் விளக்கு கண்ணைப் பறித்தது. ஃபோனை வெளிச்சம் படாமல் சாய்த்துப் பிடித்து முதல் இரண்டு வரியைப் படித்தாள். குரல் நடுங்கவில்லை. முன்வரிசையில் இருந்த பெண்கள் ஏதோ ஒரு சொல்லுக்குச் சிரித்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவளும் சிரித்தாள். அவ்வளவு நிமிர்ந்து நிற்கிற சகுந்தலாவை இராஜமாணிக்கம் பார்த்ததே இல்லை. காதில் ஃபோனோடு கடைசி வரிசையில் நின்று பார்த்தார்.

அப்போது அவள் கையில் இருந்த ஃபோன் அடித்தது.

மைக் அதைத் தெரு முழுக்கக் கொண்டுபோனது. சகுந்தலா பதறி அதை நிறுத்தினாள். எழுத்து திரும்பி வருவதற்குள் மறுபடி அடித்தது. எதையோ அழுத்தினாள். எழுத்து போயே போய்விட்டது. திரையில் ரமேஷ்பாபுவின் முகம் வந்துவிட்டு மறைந்தது. விரலால் தேடினாள், கண்ணருகே வைத்துத் தேடினாள், கூட்டம் பொறுமையாகக் காத்திருந்தது. கடைசியில் ஃபோனை இறக்கிவிட்டு, "நாங்கள் டிசம்பரில் போகிறோம். எல்லோரும் நன்றாக இருங்கள்," என்று வங்காளத்தில் சொல்லிக் கும்பிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். விழுந்து எழுந்த குழந்தைக்குத் தட்டுகிற மாதிரியான கைதட்டல்.

இராஜமாணிக்கத்தின் காதில், நீங்கள் அழைத்தவர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. பிள்ளை யாரோடு பேச முயன்றுகொண்டிருந்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்தத் தெருவே பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், "நான் வேணும்னு பண்ணல," என்றார்.

"தெரியும்," என்றாள் சகுந்தலா. "கை கழுவிட்டு வாங்க, சாப்பாடு போடறேன்."

திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

மறுநாள் தசமி. காலையில் ரமேஷ்பாபு கூப்பிட்டான். "அப்பா, அத்தனை மிஸ்டு கால் பாத்து உங்களுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு பயந்துட்டேன். திருப்பிக் கூப்பிட்டா உங்க லைன் பிசியாவே இருக்கு. அதான் அம்மாவுக்குப் போட்டேன்," என்றான். பிரிண்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "இதுக்குப் பாஸ்வேர்டே வேண்டாம்ப்பா. வைஃபை பெட்டிக்குப் பின்னால ஒரு சின்ன பட்டன் இருக்கும். அதையும் பிரிண்டர் பட்டனையும் அடுத்தடுத்து அழுத்துங்க, போதும்."

அழுத்தினார். நீல விளக்கு சிமிட்டுவதை நிறுத்தியது. சகுந்தலா ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு, பெண்கள் ஒருவருக்கொருவர் குங்குமம் பூசிக்கொள்கிற சிந்தூர் விளையாட்டுக்குப் பந்தலுக்குப் போயிருந்தாள். முந்தின நாள் அவர் அழுத்தி அழுத்தி அந்த ஃபோனில் தேங்கிக் கிடந்ததெல்லாம் பிரிண்டருக்கு வர ஆரம்பித்தது. அதே மூன்று பக்கம், மறுபடி மூன்று பக்கம், மறுபடியும் அதே மூன்று பக்கம். கொட்டை கொட்டையான வங்காள எழுத்து. மேடை விளக்கிலும் அவள் தங்குதடை இல்லாமல் படித்திருப்பாள்.

ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்தது பட்டறை வங்காளம். பேசுவதற்கு உண்டு, படிப்பதற்கு ஓர் எழுத்து கிடையாது. இதில் தன் பெயராவது இருக்குமா என்று பார்க்க ஆசை வந்தது. பெயரை வங்காளத்தில் எப்படி எழுதுவார்கள் என்றுகூடத் தெரியவில்லை. வாக்காளர் அட்டையில் இருக்குமே என்று பீரோவிலிருந்து எடுத்து வந்தார். அட்டையைப் பக்கத்தில் வைத்து, அதிலிருந்த எழுத்தைப் போல எங்காவது இருக்கிறதா என்று வரிக்கு வரி விரல் வைத்துத் தேடினார். முதல் பக்கத்தில் இல்லை, இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் பாதி வந்தபோது சகுந்தலா உள்ளே நுழைந்தாள். கன்னமெல்லாம் சிந்தூரம்.

காகிதத்தையும் அட்டையையும் பார்த்தாள். அவர் என்ன தேடுகிறார் என்பது புரிந்துவிட்டது.

"உங்க பேரு இருக்காது," என்றாள். "நான் என்னிக்கு உங்க பேரச் சொல்லியிருக்கேன்?"

"அப்ப நான் இதுல இருக்கேனா?"

ஊருக்குப் போகிற சாமான்களைக் கட்டுவதற்காக வைத்திருந்த அட்டைப்பெட்டியை இழுத்துப் போட்டாள். கண்ணாடித் தம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து, பிரிண்டரில் குவிந்து கிடந்த தாள்களில் சுற்ற ஆரம்பித்தாள்.

"சகுந்தலா, எனக்குப் படிச்சுக் காட்டேன். பேசினா எனக்குப் புரியும். நான் கேக்கறேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார்.

"நீங்க கேக்கறவரா இருந்திருந்தா," என்றாள், "நான் இத ஃபோன்கிட்டச் சொல்லிக்கிட்டு இருந்திருப்பேனா?"

அடுத்த தம்ளரைச் சுற்ற அவள் கையை நீட்டினாள். அவர் தன்னிடம் இருந்த பிரதியைக் கொடுக்கவில்லை. நாலாக மடித்து, வாக்காளர் அட்டையோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.