இரண்டு மணிக்கு ஆள் இல்லை

மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவள் வீட்டு மொட்டைமாடிக்கு மேலே ஒரு தேவதூதனும் அவனை வழிமறித்த எதிராளியும் இருபத்தொரு வருடம் சண்டை போட்டார்கள். சண்டை தொடங்கியது ஒரு புதன்கிழமை மாலை நாலேகாலுக்கு. இடம் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் சுமார் முப்பது அடி. தூதன் ஒல்லியாக, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவன் மாதிரி இருந்தான். எதிராளி ஒரு லாரி அளவு இருந்தான், அவன் முகம் மட்டும் பார்த்த யாருக்கும் மறு நிமிடம் நினைவில் நிற்கவில்லை. முதல் வாரம் தெருவே அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியை வாங்கிக்கொண்டது. இரண்டாம் வாரம் குழந்தைகள் மட்டும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு துணி காயப்போடுகிறவர்கள் மட்டும்தான் மேலே பார்த்தார்கள், ஏனென்றால் வாளும் வாளும் மோதித் தெறித்த பொறிகள் விழுந்து துணியில் கடுகளவு ஓட்டைகள் போட்டன. அந்தத் தெருக்காரர்களை எந்த ஊரில் பார்த்தாலும் சட்டைத் தோளை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஜெபக்கூடத்துப் போதகர் தீர்க்கதரிசனங்களில் ஊறியவர். ஏழு முத்திரை, ஏழு எக்காளம் எல்லாவற்றையும் கலர் பென்சிலால் வரைந்து சுவரில் மாட்டி வைத்திருந்தார். இதுதான் கடைசி யுத்தம், எல்லோரும் ஆயத்தமாக இருங்கள் என்று மூன்று ஞாயிறு பிரசங்கம் செய்தார். அதை நம்பி ஒரு குடும்பம் வீட்டுக்கு வெள்ளையடிப்பதைப் பாதிச் சுவரோடு நிறுத்திவிட்டது. நாலாவது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காயில் கட்டுகிறவள் அவரிடம் போனாள். மின்விசிறிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் செம்புக் கம்பி சுற்றிச் சுற்றி விரல் நுனி காய்த்துப்போனவள், அதிகம் பேசமாட்டாள். "ஐயா, அது உலகத்துச் சண்டை இல்ல. என் வீட்டுச் சண்டை. அந்தப் புதன்கிழமை நாலேகாலுக்குத்தான் நான் முதல்முதலா முழங்கால் போட்டு ஜெபிச்சேன்" என்றாள்.

போதகர் வேதத்தைப் புரட்டினார். பழைய தீர்க்கதரிசி ஒருவரின் விண்ணப்பம் முதல் நாளே கேட்கப்பட்டும், பதிலைக் கொண்டுவந்த தூதனை ஓர் அதிபதி இருபத்தொரு நாள் வழியிலேயே மறித்து வைத்திருந்தது அதில் இருந்தது. உலகம் முடியவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் நல்ல மனுஷர், மதியச் சாப்பாட்டுக்குள் தேறிவிட்டார்.

அவள் கேட்டது இது. அவள் கணவர் ஆலையில் பாய்லர் பார்த்தவர். அவள் இரண்டு மாதம் முழுகாமல் இருந்தபோது பாய்லர் வெடித்தது. ஆள் பிழைத்தார், காது இரண்டும் போய்விட்டது. வெளியூரிலிருந்து வந்த இரண்டு சுகமளிக்கும் பிரசங்கிகள் அவர் காதில் விரலை விட்டுக் கத்திப் பார்த்தார்கள். இரண்டாமவர் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காது அடைத்ததே தவிர இவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பாய்லர்காரர் கும்பிட்டு அனுப்பிவிட்டு, "இனிமே என் காதுக்காக யாரும் ஆண்டவர்கிட்ட போய் நிக்கக்கூடாது. அவருக்கு வேற வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டார். அதோடு ஜெபக்கூடத்துக்குப் போவதையும் விட்டார். ஆகவே மனைவி அவருக்குத் தெரியாமல் கேட்டாள். பிறக்கப்போகிற பிள்ளையின் குரலை அவர் ஒரு தடவையாவது கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

போதகர் சங்கிலி ஜெபம் ஏற்பாடு செய்தார். இருபத்துநாலு மணி நேரத்துக்கும் இருபத்துநாலு பெயர்கள். தாளில் எழுதி ஜெபக்கூடத்துக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். இதில் யாரும் எதிர்பாராத ஒரு சங்கடம் இருந்தது. ஜெபம் பலமாக இருக்கும் மணியில் தூதன் மேலே ஏறுவான், ஜெபிக்கிறவர் அசந்தால் கீழே இறங்குவான். காலை ஆறு மணி நர்ஸம்மாவுடையது, அப்போது தூதன் செல்போன் கோபுரத்தைத் தாண்டி எதிராளியைத் துரத்துவான். பத்து மணிக்காரி ஜெபத்தின் நடுவே மருமகளைப் பற்றி யோசிப்பாள், அவன் கேபிள் ஒயர் வரை இறங்குவான். மதியம் இரண்டு மணி ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளருடையது. அவர் சாப்பிட்டுவிட்டுத் தலையணையில் சாய்ந்து ஜெபிக்கிறவர். இரண்டு இருபதுக்கெல்லாம் தூதனின் கால் துணிக்கொடியில் இடித்தது. "சார் தூங்கிட்டாரு, யாராவது போய்த் தட்டுங்கப்பா" என்று தெருவில் குரல் கேட்கும். ஒருவருடைய பக்தியை ஊரே அடிக்கணக்கில் அளந்து பார்ப்பது அவ்வளவு வசதியான விஷயம் இல்லை. பாதிப் பேர் சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுகொண்டார்கள். ஆய்வாளர் மட்டும் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு நாற்காலிக்கு மாறினார், பிறகு நின்றபடி ஜெபித்தார், இருபது வருடம் ஒரு நாள் தவறவில்லை.

மாடியில் உதிர்ந்த இறகுகளைக் காயில் கட்டுகிறவள் பொறுக்கி வந்து வார்னிஷ் பூச வைத்துக்கொண்டாள். அப்படிப் பூசின மோட்டார் எதுவும் இன்றுவரை கருகவில்லை. பாய்லர்காரருக்குச் சண்டை கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குத்தான் இல்லை. தெரு முழுக்கக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நடந்த காலத்தில் நிம்மதியாகத் தூங்கிய ஒரே ஆள் அவர். உலகத்தின் முடிவு ஏதோ சிக்கலில் மாட்டித் தள்ளிப்போகிறது என்றே அவர் நினைத்திருந்தார். அவரிடம் உண்மையைச் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை.

மகள் பிறந்தாள், வளர்ந்தாள். அந்த வீட்டில் யார் பேசினாலும் அவருக்கு நேராகத் திரும்பி, உதடு தெரியப் பேசினார்கள். சிறுவயதில் அவள் அப்பாவின் முதுகில் வாயை வைத்துப் பாடுவாள், அதிர்வை வைத்து அவர் தாளம் போடுவார். இருபது வயதில் அவளுக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு ஊரில் அவள் குரலைக் கேட்காதவர் ஒருவர்தான் மிச்சம். அவர் சில நாள் சாயங்காலம் மூன்றாவது நடைமேடைக்குப் போய், ஒலிபெருக்கி மாட்டிய இரும்புக் கம்பத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். அவரைப் பார்க்காததுபோல் பயணிகள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அது பார்க்கச் சகிக்காத காட்சி.

இருபத்தோராம் வருடம் இரண்டு காரியங்கள் நடந்தன. மகளுக்கு வெகு தூரத்து நிலையத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது, அடுத்த மாதம் முதல் தேதி அங்கே சேர வேண்டும். சுகாதார ஆய்வாளர் நின்றபடி ஜெபிக்கும்போதே இறந்துபோனார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் மதியம் பாய்லர்காரர் துணி எடுக்க மாடிக்குப் போனபோது தூதன் தரையில் கிடந்தான். எதிராளியின் முழங்கால் அவன் நெஞ்சில் இருந்தது. தூதனின் வாய் அசைந்தது. அவன் இத்தனை வருடமாக ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான் என்பது எல்லோருக்கும் தெரியும், இரும்புச் சத்தத்தில் ஒரு சொல்லும் யாருக்கும் விளங்கியதில்லை. உதட்டைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் இப்போதுதான் இவ்வளவு பக்கத்தில் வந்திருந்தார். தூதன் சொன்னது: "ரெண்டு மணிக்கு ஆள் இல்ல."

பாய்லர்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. தூதன் விஷயம் போதகருக்குத்தான் தெரியும் என்று ஜெபக்கூடத்துக்குப் போனார். கதவின் உள்பக்கம் பழுத்துப்போன தாளில் இரண்டு மணிக்கு நேராக இருந்த பெயர் அடிக்கப்பட்டிருந்தது. தாளின் தலைப்பில் தன் பெயரும் தன் காதும் இருந்ததைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து, "இருபத்தொரு வருஷமா ஊரே சேந்து என்ன ஏமாத்திட்டீங்களா?" என்று கத்தினார். தன் சத்தம் எவ்வளவு என்று தெரியாத மனுஷர், நாலு வீடு தள்ளிப் பால் பொங்கி வழிந்தது.

"ஆமாங்க" என்றாள் மனைவி, அவருக்கு நேராகத் திரும்பி. "உங்க காதுக்காகக் கேக்கக்கூடாதுன்னு நீங்க சொன்னீங்க. நான் அவ குரலுக்காகக் கேட்டேன்."

 பாய்லர்காரர் மறுநாள் இரண்டு மணிக்கு மாடிக்குப் போய் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். மேலே பார்த்து அவர் செய்த ஜெபத்தைத் தெரு முழுவதும் கேட்டது. "ஆண்டவரே, என் காத விடுங்க. இந்தப் பையன் இருபத்தொரு வருஷமா தனியா நிக்கிறான். பெத்தவன் ஒருத்தனும் பாத்துக்கிட்டு இருக்கமாட்டான். கூட ஒரு ஆள அனுப்புங்க." தூதன் தரையிலிருந்து எழுந்து முழங்கால் உயரத்துக்கு வந்தான். மறுநாள் தண்ணீர்த் தொட்டி வரை வந்தான். கழன்றுகொண்டவர்கள் ஒவ்வொருவராக ஜெபக்கூடத்துக்குப் போய், தலையைச் சொறிந்துகொண்டு, பழைய மணியில் தங்கள் பெயரை மறுபடி எழுதினார்கள்.

ஒன்பதாம் நாள் இரண்டேகாலுக்குப் பிரதான தூதர் வந்தார். அகன்ற தோள், மடித்துவிட்ட கை, வேலை தெரிந்தவர் என்பது நடையிலேயே தெரிந்தது. எதிராளியின் பின்கழுத்தைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினார். அவன் செல்போன் கோபுரத்தைத் தாண்டிச் சிறுத்து, புள்ளியாகி, இல்லாமல் போனான். பிறகு இளைய தூதன் இறங்கி வந்து, பாய்லர்காரர் முன்னால் மூச்சு வாங்க நின்றான். அவன் உதட்டை அவர் படித்தார்: "முதல் நாளே கெளம்பிட்டேங்க." அவருடைய இரண்டு காதையும் விரலால் தொட்டான். பாய்லர்காரர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். தூதர்கள் இருவரும் போனார்கள்.

இருபத்தொரு வருடச் சத்தம் ஒரேயடியாக நின்றதில் தெருவே வாயடைத்துப் போயிருந்தது. ஒரு மிதிவண்டி மணிகூட அடிக்கவில்லை. பாய்லர்காரருக்கு ஒன்றும் கேட்கவில்லை, கேட்பதற்கு ஒன்றும் இல்லை. பதில் வந்ததா இல்லையா என்று தெரியாமல் அவர் வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். அவருடைய வாழ்க்கையில் அதைவிட நீளமான ஐந்து நிமிடம் இருந்ததில்லை. அப்போது கூரைகளுக்கு மேலே காற்றோடு ஒரு பெண்குரல் வந்தது. இரண்டு நாற்பதுக்கு வரவேண்டிய ரயில் ஒரு மணி பத்து நிமிடம் தாமதமாக மூன்றாவது நடைமேடைக்கு வரும் என்றது. அவர் அதைக் கடைசிச் சொல் வரை கேட்டார். அது திரும்ப ஒருமுறை சொல்லப்பட்டது, அதையும் கேட்டார். கன்னம் நனைந்ததைத் துடைக்கவில்லை. துணிகளை எடுத்து மடித்துக்கொண்டு கீழே வந்தார்.

மனைவி செம்புக் கம்பியோடு உட்கார்ந்திருந்தாள். அவர் துணியைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அவளுக்குச் சளி புடிச்சிருக்கு. குரல் கட்டியிருக்கு, பாரு."

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். வாய் முழுக்க மறைந்திருந்தது. அந்தக் கைகளுக்குள்ளிருந்தே, "சாயங்காலம் வந்ததும் வெந்நீர் போட்டுக் குடுக்கிறேன்" என்றாள்.

"சரி, குடு" என்றார் அவர்.