பதினேழாவது தகவல்

பேருந்திலிருந்து இறங்கியவர்கள் காலை உதறி, சோம்பல் முறித்து, கழிப்பறை வரிசையையும் முடித்துக்கொண்டு ஒருவழியாகப் பலகைக்கு முன்னால் வந்து நின்றார்கள். நெடுஞ்சாலை ஓரத்துத் தகவல் மையத்தில் ஒரு சுவர் முழுக்க அந்தப் பலகைதான். 'எங்கள் மாநிலம்: உங்களுக்குத் தெரியுமா?' என்று தலைப்பு, கீழே முப்பது தகவல்கள். ஒன்பது வருடமாக வருகிறவர்களுக்கு அவற்றைச் சொல்லி விளக்குவது, அங்கே வழிகாட்டியாக இருக்கும் அவள் வேலை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை பிசகாது.

இன்று பலகையின் ஓரத்தில் ஏணி போட்டு பெயின்டர் மங்கிய எழுத்துகளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். அதனால்தான் காலையிலேயே அவள் மேலாளர் அறைக்குப் போயிருந்தாள். பதினேழாவது தகவல், மாநிலத்தின் ஆகப்பெரிய பூசணி, நானூற்றுப் பதினெட்டு கிலோ. வளர்த்தவர் என்று அவள் அண்ணன் பெயர் இருக்கிறது. அதை மாற்ற வேண்டும் என்றாள்.

"நிலம் யாரோடதோ அவங்க பேர்லதான் பதிவாகுங்கம்மா. எந்தப் போட்டியிலயும் அதான் வழக்கம். அவரு என்ன ஊரான் வீட்டு ஆளா? உங்க அண்ணன்தானே?"

"அண்ணன்தான் சார். பூசணிதான் அவரோடது இல்ல."

"பலகையில இருக்கறதச் சொல்லுங்க. முடியலன்னா சொல்லிடுங்க, வேற ஆளப் பாத்துக்கறேன்."

பூசணி வளர்ந்த அந்தக் கோடை முழுக்க அண்ணன் லாரி ஓட்டப் போயிருந்தார். எடை போடும் நாளன்று வந்து, பூசணியின் மேல் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்; அந்தப் படம்தான் பலகையிலும் பதினேழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதலில் கொஞ்சம் கூச்சப்படத்தான் செய்தார். பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லித் தானே நம்பிவிட்டார். அவர்மேல் அவளுக்குப் பெரிய கோபம் கிடையாது. அவளுக்கு வர வேண்டிய பெயரை அவர் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு தரம். தினம் நாலு பேருந்துக்கு, தன் வாயாலேயே, சிரித்த முகத்தோடு அதை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். அதை நினைத்தால்தான் உடம்பு கூசியது.

குச்சியை உயர்த்தினாள். "எங்க மாநிலத்துல ஆளுக்கு மூணு மாடு. ஓட்டு மட்டும் இருந்தா ஆட்சி அதுங்களோடதுதான்."

சிரித்தார்கள். ஒன்பதாவது, அறுபது கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாத சாலை. "கடைசியில திருப்பம் வரும்போது ஸ்டியரிங்க மறந்துட்டு நேரா சோளக்காட்டுக்குள்ள போனவங்க எத்தனையோ பேர்." மறுபடி சிரிப்பு. மேலாளர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வந்து நிற்பது தெரிந்தது.

குச்சி பதினேழில் நின்றது.

"இங்க எழுதியிருக்கறது எங்க அண்ணன் பேரு. நிலம் அவருது. பூசணி நான் வளர்த்தது."

யாரும் சிரிக்கவில்லை. தொப்பி போட்ட ஒருவர், "யார் வேணா சொல்லலாமே! எப்படிம்மா நம்புறது?" என்றார்.

"படத்தப் பாருங்க. அவர் கைக்குக் கீழ, பூசணியில ஒரு தழும்பு தெரியுதா? ஆறாவது வாரம் களை கொத்தும்போது என் மண்வெட்டி பட்டுடுச்சு. சாம்பல் தூவி, தண்ணி படாம காயவெச்சேன். நாலு நாள் எனக்குச் சோறு இறங்கல. அண்ணனைக் கேட்டா எலி கடிச்சதுன்னுவார். ஆலங்கட்டி மழையில என் போர்வைய அதுக்குப் போத்திட்டு நான் நனைஞ்சேன். அதுவும் பலகையில கிடையாது."

தொப்பிக்காரர் படத்துக்கு அருகில் போய்க் குனிந்து பார்த்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்களும் போனார்கள்.

கதவு திறந்தது. "பதினெட்டுக்குப் போங்கம்மா."

"இன்னும் பதினேழு முடியல சார்."

தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. ஏணியில் பெயின்டர் அந்த வரிக்கு வந்திருந்தார். 'வளர்த்தவர்' என்பதை முடித்துவிட்டு, பழைய பெயரின் முதல் எழுத்துக்கு மேலே தூரிகையை நிறுத்தியிருந்தார். கீழே மேலாளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் பதினேழிலிருந்து குச்சியை எடுக்கவில்லை. தூரிகை நுனியில் கறுப்புச் சாயம் திரண்டு, கனத்து, விழுவதற்குத் தயாராக நின்றது.