மைனாவின் முழு வாக்கியம்

பேச்சே வராத பிள்ளைக்கு மைனா என்று பெயர் வைத்தது அவளுடைய அப்பாக்காரன்தான். மூன்று வயது வரை வாயைத் திறக்காத மகள், ஒரு நாள் வாஷிங் மெஷின் வேலை முடிந்ததும் போடுகிற சத்தத்தை அச்சு அசலாகப் போட்டுக் காட்டினாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. அதற்குப் பிறகு லிஃப்ட் அவள் வாயால் பேசியது, டி.வி. பேசியது, பக்கத்து வீட்டுக்காரரின் இருமல்கூடப் பேசியது. "தண்ணி வேணும்" என்ற இரண்டு வார்த்தை மட்டும் வரவில்லை. தாகம் எடுத்தால், "இந்த வாய்ப்பைத் தவற விடாதீர்கள்!" என்பாள். ஏதோ ஒரு குளிர்பான விளம்பரத்தின் கடைசி வரி அது. வந்த விருந்தாளிகள் முழிப்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் பேசாமல் டம்ளரை நீட்டுவார்கள்.

ஆட்டிசம் என்று டாக்டர்கள் சொல்லி முடித்து, அழுது முடித்து, யார் பக்கத்து ரத்தம் என்று இரண்டு குடும்பமும் சண்டை போட்டு முடித்து, கடைசியில் ஒரு பேச்சுப் பயிற்சி டீச்சரிடம் வந்து சேர்ந்தார்கள். அந்த டீச்சர்தான் முதன்முதலில் மனிதருக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

"மத்த பிள்ளைங்க ஒவ்வொரு வார்த்தையா சேர்த்து வாக்கியம் கட்டுவாங்க. மைனா மாதிரி சில பிள்ளைங்களோட மூளை வேற வழியில போகும். முழு வாக்கியத்தையும் அப்படியே தூக்கி வச்சுக்குவாங்க. சொன்னவங்களோட குரல், ராகம், அப்போ மனசுல இருந்த சந்தோஷம், பயம், எல்லாத்தோடயும் சேர்த்து. அப்புறம் மெதுவா அதை உடைச்சு, மாத்திப் போட்டு, தங்களோட சொந்தப் பேச்சா ஆக்கிக்குவாங்க."

"எப்போ மேடம்?" என்று கேட்டாள் அம்மாக்காரி.

"அதை மட்டும் என்னால சொல்ல முடியாது."

அம்மாக்காரிக்கு ஆஸ்பத்திரியில் தட்டச்சு வேலை. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டு, காலடியில் இருக்கும் பெடலை மிதித்து, நிறுத்தி, பின்னால் ஓட்டி, அறிக்கையாக அடித்துக் கொடுக்க வேண்டும். ஊரான் பேச்சையெல்லாம் நாள் முழுக்கக் கேட்டு எழுதுகிறவளுக்கு, பெற்ற பிள்ளை "அம்மா" என்று கூப்பிட்டுக் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை. இதைச் சொல்லி அவளே சிரிப்பாள். சிரித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வருவாள்.

அப்பாக்காரனுக்குக் கிடங்கில் ஷிப்ட் வேலை. அதனால் மதியம் பள்ளிக்கூட வேன் மைனாவை அத்தை வீட்டில் இறக்கிவிடும். சாயங்காலம் அம்மாக்காரி வேலை விட்டு வரும்போது கூட்டி வருவாள். அத்தை என்றால் அப்பாக்காரனின் கூடப் பிறந்த அக்கா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். வீட்டில் கண்ணாடி மாதிரி தரை, எடுத்தது எடுத்த இடத்தில் இருக்கும். மற்ற எல்லா இடத்திலும் வீட்டைத் தலைகீழாக்கி அழுகிற மைனா, அங்கே போனால் பெட்டிப் பாம்பு.

"எங்கிட்ட வந்தா மூச்சு விடமாட்டா" என்பாள் அத்தை பெருமையாக.

"என்ன மாயம் பண்றீங்க அண்ணி? எனக்கும் சொல்லிக் கொடுங்களேன்" என்று அம்மாக்காரி தன் நாத்தனாரைக் கேட்டிருக்கிறாள். கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான்.

அந்தப் புது வாக்கியம் வந்தது ஒரு சாயங்காலம், குளியலறையில். குழந்தையைக் குளிப்பாட்ட அம்மாக்காரி கதவைச் சாத்தினாள். மைனா இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினாள், ஒன்று குட்டையாக, ஒன்று நீளமாக. பிறகு தெளிவாகச் சொன்னாள்:

"அழுதா லைட்டை அணைச்சிடுவேன்."

அம்மாக்காரியின் கையிலிருந்து சோப்பு வழுக்கி விழுந்தது. விளம்பரம் இல்லை, லிஃப்ட் இல்லை. மனிதர் பேசுகிற பேச்சு! ஈரக் கையோடு புருஷனுக்குப் போன் போட்டாள். "முழுசா ஒரு வாக்கியம்ங்க! நம்ம மைனா!" மறுமுனையில் அவன் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். பேச்சுப் பயிற்சி டீச்சரும் கை தட்டினாள். "'அழுதா'ன்னு ஆரம்பிக்கிறாளே! ஒண்ணு நடந்தா இன்னொண்ணு நடக்கும்னு சொல்ற வாக்கியம். பெரிய விஷயம்!" கேக் வாங்கி வெட்டினார்கள். அத்தை வீட்டுக்கும் ஒரு துண்டு போனது.

"என்ன விசேஷம்?" என்றாள் அத்தை.

அம்மாக்காரி வாக்கியத்தைச் சொன்னாள். அத்தை தட்டை மேஜை மேல் வைத்துவிட்டு, "டி.வி.யில எதையாவது கேட்டிருப்பா" என்றாள். கேக்கை அப்புறம் சாப்பிடுவதாகச் சொன்னாள்.

சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மைனா மாடிப்படியில் தடுக்கி விழுந்து முழங்கால் சிராய்ந்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்து அழ வாயைத் திறந்தவள், திறந்த வாயோடு நின்றாள். இரண்டு உறிஞ்சல். "அழுதா லைட்டை அணைச்சிடுவேன்." இரண்டு உள்ளங்கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து மட்டும் தாரை தாரையாகக் கொட்டியது. ஒரு சத்தம் இல்லை.

கேக் வெட்டிக் கொண்டாடியது எதை என்று அப்போதுதான் அம்மாக்காரிக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு பார்க்கிற இடமெல்லாம் அதுதான். லிஃப்ட் கதவு மூடினால் மைனா வாயைப் பொத்தினாள். அலமாரியைச் சாத்தினால் பொத்தினாள். யாரோ, எங்கேயோ, ஒரு கதவைச் சாத்தி, இந்தப் பிள்ளையிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தடவை சொன்னதா, தினமும் சொல்வதா? மைனாவைக் கேட்டால், "யார் சொன்னா?" என்று கேள்வியையே திருப்பிச் சொன்னாள். அம்மாக்காரிக்குச் சோறு இறங்கவில்லை. வேன் டிரைவரை முறைத்துப் பார்த்தாள். பள்ளிக்கூட ஆயாவின் கைகளை உற்றுப் பார்த்தாள். காலையில் மகளை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, பாழும் கிணற்றில் தள்ளிவிட்டு வருகிற மாதிரி இருந்தது. ஏற்றாமலும் இருக்க முடியாது. வேலைக்குப் போகாமலும் முடியாது.

டீச்சரிடம் சொன்னபோது அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஒரு வாக்கியம் இவ்வளவு ஆழமா பதியணும்னா, அந்த நேரத்துல மனசுல ஏதோ பெருசா நடந்திருக்கணும். யாரு சொன்னதுன்னு நான் முதல் நாளே கேட்டிருக்கணும். கை தட்டிட்டு உட்கார்ந்திருந்தேன்."

புருஷன்தான் சீறினான். "கிளிப்பிள்ளை மாதிரி ஏதோ சொல்லுது. அக்கா சொன்ன மாதிரி டி.வி.யில கேட்டிருக்கும். அதை வச்சு யார் தலையை உருட்டப் போற?"

"தாகம் எடுத்தா விளம்பரத்தைச் சொல்றாளே, அதுக்கு மட்டும் அர்த்தம் இருக்கா? டம்ளரை நீட்டுறீங்க இல்ல?"

அவனுக்கும் பயம்தான், அதைக் கோபமாக மாற்றிக் காட்டினான்.

அந்த உறிஞ்சலை முதலில் அவள் சளி என்றே நினைத்தாள். மூக்குக்கு மருந்தெல்லாம் விட்டுப் பார்த்தாள். பிறகுதான் கவனித்தாள், அந்த வாக்கியத்துக்கு முன்னால் தவிர மைனா மூக்கை உறிஞ்சுவதே இல்லை. வாக்கியத்தோடு சேர்த்து அதைப் போனில் பதிவு செய்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம், ஹெட்போனை மாட்டிப் போட்டுக் கேட்டாள். திரும்ப ஓட்டினாள். திரும்பக் கேட்டாள். அந்த அதட்டல் தொனியை அவள் யாரிடமும் கேட்டதில்லை, யார் குரல் என்று பிடிபடவில்லை. அவளுக்குத் தெரிந்த டாக்டர்களில் ஒருவர் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் ஆரம்பிப்பார், ஒருவர் நாக்கைச் சப்புக்கொட்டுவார். குரல் மாறினாலும் ஆரம்பம் மாறாது. இந்த உறிஞ்சலும் யாரோ ஒருவரின் ஆரம்பம்.

யாருடையது? எங்கேயோ கேட்டிருக்கிறாள். நாக்கு நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது.

போன் அடித்தது. ஹெட்போனைக் கழற்றாமலே எடுத்தாள்.

ஒரு குட்டை உறிஞ்சல். ஒரு நீளம்.

"நான்தான்மா" என்றது அண்ணியின் குரல். "மைனா சாப்பிட்டுத் தூங்கிட்டா. நீ அவசரப்படாம மெதுவாவே வா."

எத்தனை வருஷமாகக் கேட்கிற உறிஞ்சல்! தூசி ஒத்துக்கொள்ளாது அண்ணிக்கு, அதனால்தான் அந்தக் கண்ணாடித் தரை. வீட்டுக் கடிகாரத்தின் சத்தம் மாதிரி பழகிப் போய், அது காதில் விழுவதே நின்றுபோயிருந்தது. "சரிங்க அண்ணி" என்று சொன்னது தன் வாய்தானா என்று அம்மாக்காரிக்கே தெரியவில்லை.

யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினாள். பஸ் ஊர்ந்தது. மைனா மதியத்தில் தூங்கவே மாட்டாள். பிறந்த நாளிலிருந்து பகலில் கண்ணை மூடாத பிள்ளை. அதுவும் அண்ணி செய்கிற மாயம் என்று நம்பி, இந்தச் 'சாப்பிட்டுத் தூங்கிட்டா'வை எத்தனை நாள் கேட்டு நிம்மதியாக வேலை பார்த்திருக்கிறாள்! சிவப்பு விளக்கில் பஸ் நின்றபோது இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. நான் நினைப்பது பொய்யாக இருக்கட்டும், அண்ணி காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

மணியை அழுத்தியதும் கதவு திறக்கவில்லை. உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஒருவழியாகத் திறந்த அண்ணி, அவளைப் பார்த்ததும் கதவைப் பிடித்தபடியே நின்றாள். "என்ன, அதுக்குள்ள? தூங்குறான்னு சொன்னேனே."

படுக்கையறையில் கட்டில் கசங்காமல் கிடந்தது. கூடத்தில் யாரும் இல்லை. சமையலறைக்குப் பக்கத்தில் சாமான் போடுகிற சின்ன அறை, வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதன் விளக்கு சுவிட்சும் வெளியேதான் இருந்தது. அது அணைந்திருந்தது.

உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. தாழ்ப்பாளில் கை வைத்தவளுக்குத் திறக்கத் தைரியம் வரவில்லை. உயிரோடு இருக்கிறாளா என்ற நினைப்பு ஒரு கணம் வந்து போனது. திறந்தாள்.

பழைய ஃபேனுக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் மைனா குந்தியிருந்தாள். இரண்டு கையும் வாயைப் பொத்தியிருந்தன. வெளிச்சம் பட்டும் கையை எடுக்கவில்லை. பாவாடை நனைந்திருந்தது.

"அஞ்சு நிமிஷம்தான்மா" என்று பின்னாலிருந்து அண்ணி அழ ஆரம்பித்தாள். "கீழ் வீட்டுக்காரன் தினம் வந்து கத்துறான். அடிக்க மனசு வரல, என் தம்பி பிள்ளை. ஒரு நாள் தற்செயலா லைட் அணைஞ்சப்போ அழுகையை நிறுத்திட்டா. அதான்... அவளுக்கு என்ன புரியப்போகுதுன்னு..."

"எல்லாம் புரிஞ்சிருக்கு அண்ணி. உங்க மூக்கு உறிஞ்சுறது உட்பட."

அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. மகளை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். லிஃப்டில் போகவில்லை.

அன்றைக்கு அப்பாக்காரன் செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்கா வீட்டுக்குப் போனான், திரும்பி வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். அக்கா பெயரை அவன் எடுக்கவில்லை, இவளும் எடுக்கவில்லை. ஷிப்டை மாற்றிக் கேட்டு வாங்கினான். அம்மாக்காரி வேலையை அரை நாளாக்கிக்கொண்டாள்.

ஆனால் மைனா பேசுவதை நிறுத்திவிட்டாள். அந்த வாக்கியம் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. லிஃப்ட் போனது, வாஷிங் மெஷின் போனது, பக்கத்து வீட்டு இருமல் போனது. தாகம் எடுத்தால் குழாயடியில் போய்ச் சும்மா நின்றாள். வீடு அமைதியாக இருந்தது, அந்த அறையைப் போலவே. "திரும்பி வருமா?" என்று கேட்டதற்கு டீச்சர், "பொதுவா வரும்" என்றாள். அந்தப் 'பொதுவா'வை நினைத்து நினைத்து அம்மாக்காரி செத்துப் பிழைத்தாள். மூன்று வயதுக்கு முன்னால் இருந்த அந்தக் குழந்தை திரும்பி வந்துவிட்டது போலிருந்தது. இந்தத் தடவை கதவை உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொண்டுவிட்டாள் என்றால், யார் போய்த் திறப்பது?

ஒரு சாயங்காலம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று அடக்க முடியாமல் வந்துவிட்டது. குழாயை நிறுத்திவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். பொழுது சாய்ந்து இருட்டிக்கொண்டு வந்தது, எழுந்து விளக்குப் போடக்கூடத் தோன்றவில்லை. பிள்ளைக்குக் கேட்கக் கூடாதென்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

வாசலில் மைனா வந்து நின்றாள்.

"அழுதா" என்றாள்.

திரும்பி வந்தது இதுவா? இத்தனை சத்தங்களையும் விட்டுவிட்டு, இது மட்டுமா? அந்த வாக்கியத்தின் மிச்சத்தைக் கேட்கப் பயந்து அம்மாக்காரி காதைப் பொத்தக் கையைத் தூக்கினாள்.

மைனா உறிஞ்சவில்லை. தலையைச் சாய்த்து, எதையோ தேடுகிறவள் மாதிரி நின்றாள். உதடு இரண்டு மூன்று தடவை அசைந்து, அசைந்து நின்றது.

"அழுதா... லைட்டை... போட்டுடுவேன்."

சின்னக் கரகரப்போடு, கொஞ்சம் கீச்சென்று வந்தது அந்தக் குரல். அம்மாக்காரி அதுவரை கேட்டிராத குரல். மைனா எம்பி சுவிட்சைத் தட்டினாள். குழல்விளக்கு இரண்டு முறை சிமிட்டி எரிந்தது. சுவிட்சிலிருந்து விரலை எடுக்காமல், அம்மா இன்னும் அழுகிறாளா என்று உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மாக்காரி முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சத்தம் போட்டு அழுதாள். நிறுத்தவே இல்லை. நிறுத்தினால் அணைத்துவிடுவாளோ என்று பயம்.