பாஞ்சாலி வைத்த பரீட்சை

பாஞ்சாலிக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் பால் ஊற்றினால் விரலை விட்டுப் பார்ப்பாள். பெட்ரோல் பங்கில் புருஷன் வண்டியை நிறுத்தினால், இவள் இறங்கிப் போய் மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் "ம், இப்பப் போடு" என்பாள். கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் அவர்கள் கொல்லைக்காட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்க வரும் பெண்கள், அவள் தலையைக் கண்டாலே மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கப் போவார்கள். நாற்பத்தைந்து வயது வரைக்கும் அவள் நம்பிய ஜீவன் ஒன்றே ஒன்று, அவள் வளர்த்த நாய். அதற்கு நாலு கால், செம்மண் நிறம், பெயர் செவலை.

அந்த நாலு காலில் ஒன்றுக்குத்தான் வந்தது வினை. கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவள் செடிக்குள் கையை நீட்டினாள். அடியில் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது அவளுக்குத் தெரியவில்லை, செவலைக்குத் தெரிந்துவிட்டது. குறுக்கே பாய்ந்தது. அவள் கையில் விழ வேண்டிய கடி அதன் முன்னங்காலில் விழுந்தது. விழுப்புரத்தில் ஒரு கால்நடை மருத்துவர் விஷமுறிவு மருந்து ஏற்றி உயிரைக் காப்பாற்றிவிட்டார். ஆனால் நாலைந்து நாளில் கால் கறுத்து, தோல் அழுக ஆரம்பித்தது.

"காலை எடுத்துடலாம்மா. மூணு காலோட பொழைச்சிக்கும்," என்றார் அவர். "இல்லன்னா திண்டிவனத்துல ஆக்ஸிஜன் அறை ஒண்ணு வெச்சிருக்காங்க. அங்க வேணா ஒருவாட்டி காட்டிப் பாருங்க."

"அது என் கைக்கு வந்த கடி," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள் பாஞ்சாலி. புருஷன் சீனுவாசன் எக்செல் வண்டியை ஓட்டினார். முன்னால் காய்கறிக் கூடையில் செவலை படுத்திருந்தது.

திண்டிவனத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. அறை என்று சொன்னார்களே தவிர அது அறையே இல்லை. படுக்க வைத்த பெரிய இரும்புப் பீப்பாய். ஒரு பக்கம் கனமான கதவு, கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி, மேலே முள் வைத்த ஒரு மீட்டர். பார்த்த மாத்திரத்தில் பாஞ்சாலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீட்டர் என்றாலே அவளுக்கு ஆகாது.

"உள்ள சுத்தமான ஆக்ஸிஜனை ஏத்தி, அழுத்தத்தைக் கூட்டுவோம்," என்று விளக்கினாள் டாக்டர் ஜெர்லின். முப்பது வயதுகூட இருக்காது, கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. "அப்ப மூச்சு வழியா போற ஆக்ஸிஜன் ரத்தத்துல நிறைய கலக்கும். சாகற நிலைமையில இருக்கற சதைக்கு அது போய்ச் சேரும். தினம் ஒரு மணி நேரம், பத்து நாள். ஆனா கால் கண்டிப்பா தப்பிச்சிடும்னு நான் சொல்ல மாட்டேன்மா."

உறுதி கொடுக்காத டாக்டர் எதற்கு என்று நினைத்தாள் பாஞ்சாலி. உறுதி கொடுத்திருந்தால் அதைவிடப் பெரிய சந்தேகம் வந்திருக்கும், அது வேறு விஷயம்.

ஜெர்லின் சில கட்டுப்பாடுகளும் சொன்னாள். கழுத்துப் பட்டை, கயிறு, தாயத்து எதுவும் கூடாது. பிளாஸ்டிக் கூடாது. நாய் படுக்க ஆஸ்பத்திரி தரும் பருத்தித் துணி மட்டும்தான். முக்கியமாக எண்ணெய், தைலம் ஒரு சொட்டுகூட ஆகாது. "உள்ள முழுக்க ஆக்ஸிஜன். துணி உரசற சின்னப் பொறி போதும், எண்ணெய் இருந்தா குப்புனு பிடிச்சிக்கும். நாம கதவைத் தொறக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்."

காற்றாவது பற்றிக்கொள்வதாவது! புருடா விடுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

முதல் நாளே மாட்டினாள். புண்ணுக்கு வேப்பெண்ணெய் போட்டுத்தான் செவலையைக் கொண்டு வந்திருந்தாள். அந்த ஊர்ப் பக்கம் ஆட்டுக்கோ மாட்டுக்கோ புண் என்றால் முதலில் வேப்பெண்ணெய்தான், அப்புறம்தான் டாக்டர். இல்லாவிட்டால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். அங்கே கம்பவுண்டராக இருந்த அமிர்தசாமி, ஐம்பது வயதைத் தாண்டிய மனுஷர், செவலையை மேசையில் கிடத்தி, மூக்கை வைத்து வாலிலிருந்து காது வரைக்கும் மோந்து பார்த்தார். உலகத்தில் நாய்தான் மனுஷனை மோந்து பார்க்கும். இங்கே தலைகீழாக இருந்தது.

"வேப்பெண்ணெ போட்டுக்கினு வந்துக்கிறியேம்மா," என்று சொல்லிவிட்டு, சோப்புப் போட்டு முழுக்கக் கழுவினார். அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு 'எண்ணெய் இல்லை' என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம்தான் பீப்பாய்க் கதவு திறந்தது.

பாஞ்சாலி மனசுக்குள் முடிச்சுப் போட்டுப் பார்த்தாள். புண்ணை ஆற்றுகிற எண்ணெயைக் கழுவிவிடுகிறார்கள். கழுவினால் புண் ஆறாது. ஆறாவிட்டால் பத்து நாளும் வந்தாக வேண்டும். பிரமாதமான ஏற்பாடு!

ஆனாலும் வந்தாள். காலை எடுக்கச் சொல்லும் இடத்துக்குப் போக அவளுக்கு மனசு வரவில்லை. தினமும் ஒரு மணி நேரம் அந்த வட்டக் கண்ணாடியை விட்டு நகராமல் நின்றாள். உள்ளேயிருந்து செவலை அவள் முகத்தைப் பார்க்கும், வாலைத் தரையில் டப் டப்பென்று அடிக்கும். இவள் அதைப் பார்ப்பாள், முள்ளைப் பார்ப்பாள், குழாயைப் பார்ப்பாள். முள் என்னவோ ஏறி இறங்கியது. பெட்ரோல் பங்கிலும்தான் நம்பர் ஓடுகிறது.

வீட்டுக்குப் போனதும், ஆஸ்பத்திரியில் புண்ணுக்குப் போட்டுவிட்ட கட்டை அவிழ்த்து எண்ணெய் தடவுவாள். விடிந்ததும் கழுவிவிட்டுக் கட்டைப் பழையபடியே சுற்றிவிடுவாள். வேப்பெண்ணெய் நாற்றம் காட்டிக்கொடுக்கிறது என்பதால், வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சிய மல்லாட்டை எண்ணெய்க்கு மாறினாள். அவள் கொல்லையில் விளைந்து, அவள் கண் முன்னால் செக்கில் ஆட்டிய எண்ணெய். அதை மட்டும் நம்பலாம்.

ஐந்தாம் நாள் புண்ணின் ஓரத்தில் கறுப்பு போய்ச் சிவப்பு தெரிந்தது. ஜெர்லின் முகமெல்லாம் மலர்ந்து, "பாருங்கம்மா, ரத்த ஓட்டம் வருது," என்றாள்.

"என் எண்ணெ வேலை செய்யிது," என்றாள் பாஞ்சாலி, வீட்டுக்கு வந்து புருஷனிடம்.

"அப்பறம் எதுக்கு தெனம் அங்க போறோம்?"

அந்தக் கேள்வி அன்று ராத்திரி பாஞ்சாலியைத் தூங்க விடவில்லை. மறுநாள் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினாள். அழுத்தம், அழுத்தம் என்கிறார்களே, அழுத்தம் என்றால் அமுக்க வேண்டும் அல்லவா? அமுக்குகிறதா என்று பார்த்துவிட்டால் போயிற்று.

ஆறாம் நாள் காலையில், நெருப்புப் பிடிக்கும் என்பதும் புருடாதான் என்ற நினைப்பில் எண்ணெயைக் கழுவவில்லை. இன்னொரு தடவை தாராளமாகத் தடவி, மேலே கட்டைச் சுற்றினாள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பிள்ளைகள் விளையாடும் மெல்லிசான பிளாஸ்டிக் பந்து ஒன்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இது யாருக்கு?" என்றார் சீனுவாசன்.

"செவலைக்கு. நீங்க ஜல்தியா வண்டிய எடுங்க."

அன்றைக்கு அவள் அதிர்ஷ்டம், அமிர்தசாமிக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்கு சிவந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். வழக்கம்போல் குனிந்து வாலிலிருந்து காது வரைக்கும் மூக்கைக் கொண்டுபோனார். பாஞ்சாலி அவர் முகத்தையே பார்த்தாள். அந்த மூக்கில் ஒரு வாசனையும் ஏறவில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவரோ 'எண்ணெய் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜெர்லின் பக்கத்து அறையில் ஒரு பூனைக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தாள். செவலை வேறு யார் தூக்கினாலும் உறுமும் என்பதால் உள்ளே கிடத்துவது எப்போதும் பாஞ்சாலிதான். கிடத்தும்போதே பந்தைத் துணிக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

கதவு மூடியது. உஸ்ஸென்ற சத்தம் ஆரம்பித்தது. பாஞ்சாலி கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டாள்.

செவலை திரும்பிப் படுத்தபோது பந்து துணியை விட்டு உருண்டு வந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றது. உருண்டையாக, பளபளவென்று, கடையில் இருந்த மாதிரியேதான் இருந்தது. பார்த்தியா, என்று அவள் உதடு வளைந்தது. முள் ஏறியது. இன்னும் கொஞ்சம் ஏறியது. பந்தின் ஒரு பக்கம் மெல்ல உள்ளே போயிற்று. யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது, ஆனால் அங்கே விரலும் இல்லை, ஆளும் இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கமும் ஒடுங்கி, பந்து சூப்பிப்போட்ட மாங்கொட்டையாகிவிட்டது.

அப்படியானால் அழுத்தம் நிஜம். முள் நிஜம். அந்தப் பெண் சொன்னதெல்லாம் நிஜம். அப்படியானால் எண்ணெயைப் பற்றிச் சொன்னதும்...

"அண்ணா," என்றாள். அமிர்தசாமியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணா, நிறுத்துங்க. கட்டுக்குள்ள எண்ணெ இருக்குது. பந்து ஒண்ணும் வெச்சிட்டேன்."

அமிர்தசாமி ஆக்ஸிஜன் வால்வை மூடிவிட்டு, "மேடம்" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். அந்தக் குரலுக்கே ஜெர்லின் கையுறையோடு ஓடிவந்தாள். திட்டவில்லை. மீட்டரைப் பார்த்தாள், இன்னொரு வால்வைக் கொஞ்சமாகத் திருப்பினாள்.

"கதவைத் தொறங்க டாக்டரம்மா."

"தொறக்க முடியாது. அழுத்தத்தை மெதுவாத்தான் இறக்கணும். படக்குனு விட்டா அவன் நுரையீரல் தாங்காது. ஏழெட்டு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் அவன் அசையக் கூடாது, அந்தப் பந்து துணியில தேயக் கூடாது." திரும்பிப் பார்த்தாள். "உங்க முகத்தைப் பார்த்தா எழுந்து வருவான். நீங்க கண்ணாடியை விட்டுப் போங்க."

"நான் பாத்துக்கினு மட்டும்..."

"போங்கம்மா."

ஐந்து நாளாகக் கண்ணை எடுக்காத பாஞ்சாலி கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றாள். எதிரே வெறும் சுவர். பின்னால் உஸ்ஸென்ற சத்தம் மட்டும் கேட்டது. பெற்ற பிள்ளைக்குக்கூட இப்படிப் பயந்ததில்லை அவள். பாம்புக்குக் குறுக்கே பாய்ந்த நாயைத் தன் கையாலேயே அடுப்பில் வைத்துவிட்டோமே என்று நினைத்தாள். டப், என்று உள்ளே வால் ஒரு தடவை தட்டியது. அவளைத்தான் தேடுகிறது. திரும்பினால் எழுந்துவிடும். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவரையே பார்த்தாள்.

"படுத்திருக்கான்," என்றாள் ஜெர்லின் பின்னாலிருந்து.

பாஞ்சாலி நம்பினாள். வேறு என்ன செய்ய முடியும்? கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் படுத்துதான் இருக்கான்," என்று குரல் வந்தது. அதையும் நம்பினாள்.

கதவு திறந்தபோது அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். செவலை நொண்டிக்கொண்டு வந்து அவள் மடியில் மூக்கை வைத்தது. பந்து பழையபடி உப்பிவிட்டது, ஒரு பக்கம் மடிப்பு மட்டும் அழியவில்லை. ஜெர்லின் அதை எடுத்து வெளியே வைத்தாள்.

"எனக்கு மூக்கு அடைச்சிக்கினு இருந்தது மேடம். சொல்லாம கையெழுத்துப் போட்டது என் தப்பு," என்றார் அமிர்தசாமி.

ஜெர்லின் பாஞ்சாலியைப் பார்த்தாள். "கூட்டிக்கிட்டுப் போங்க."

"நாளைக்கு எத்தினி மணிக்கு வரட்டும் டாக்டரம்மா?"

"இன்னும் நாலு நாள் வெச்சா கால் தப்பிக்கும்னு நினைச்சேன். ஆனா உங்களை எப்படிம்மா நான் நம்பறது?"

அவளை அப்படி யாரும் கேட்டதில்லை. அந்தக் கேள்வி எப்போதும் அவளிடமிருந்துதான் கிளம்பும், அவளை நோக்கி வந்து பழக்கமில்லை. வீடு வரைக்கும் வண்டியில் அவள் வாயைத் திறக்கவில்லை. பேஜாராகப் போயிற்று சீனுவாசனுக்கு. இரண்டு தடவை வண்டியை நிறுத்தி, பின்னால் ஆள் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரி திறக்கும் முன்பே வாசலில் நின்றாள். செவலையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியிருந்தாள். கட்டுப் போடாமல், வெளுத்த வேட்டித் துணியால் காலை மூடிக்கொண்டு, வழியெல்லாம் ஈ ஓட்டிக்கொண்டே வந்திருந்தாள். எண்ணெய் வைக்காமல் வாசல் தாண்டாத அவள் தலை அன்றைக்குப் பஞ்சாகப் பறந்தது.

ஜெர்லின் வண்டியை விட்டு இறங்கியதும், பாஞ்சாலி இரண்டு கையையும் நீட்டினாள். "அதை மட்டும் பாத்தா பத்தாது டாக்டரம்மா. என்னையும் மோந்து பாருங்க."

ஜெர்லின் சிரிக்கவில்லை. செவலையைத் தானே வாலிலிருந்து காது வரைக்கும் மோந்தாள். அப்புறம் பாஞ்சாலியின் உள்ளங்கையை, புறங்கையை, நகக்கண்ணை, தலைமயிரை மோந்தாள். பையை வாங்கி உதறினாள். இடுப்பு மடிப்பை அவிழ்த்துக் காட்டச் சொன்னாள். அவசரமே படவில்லை. இன்னொரு நாளாக இருந்தால் பாஞ்சாலி ஊரைக் கூட்டியிருப்பாள். இன்றைக்கு, "நல்லாப் பாருங்க," என்றாள்.

"தூக்கி உள்ள வைங்க," என்றாள் ஜெர்லின் கடைசியில்.

கால் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பத்தாம் நாள் செவலை அதைத் தரையில் ஊன்றிற்று. லேசாக நொண்டும், ஆனால் நாலு காலில்தான் நொண்டும். அது பின்னால் நடந்தது. அன்றைக்கு, அந்த ஏழாம் நாள், கதவு மூடி முள் ஏறத் தொடங்கியதும் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தது ஜெர்லின்தான். உள்ளே செவலை தலையைத் தூக்கி, வட்டக் கண்ணாடியில் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

"வாங்கம்மா, வந்து நில்லுங்க. உங்களைத்தான் தேடறான்."

பாஞ்சாலி எதிர்ச் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் எதுக்கு?" என்றாள். "அதான் நீங்க பாத்துக்கினு இருக்கீங்களே."